ஃப்ராகாவில் அந்த இனிப்பு எங்கிருந்து வருகிறது?

மூக்குத்தி:

எல்லோருக்கும் வணக்கம். ரோபேர் பிகேயின் ஃப்ராகா என்ற வாசனைத் திரவியம் பற்றி ஒரு சந்தேகம். தோழி ஒருத்தி தன் பாட்டிலிலிருந்து சின்னக் குப்பியில் கொஞ்சம் ஊற்றிக் கொடுத்தாள். ஓ த பர்ஃபம் வகை. இனிப்பான பூ வாசனைக்கு இலக்கணமே இதுதான் என்று சொல்லித்தான் கொடுத்தாள்.

மணிக்கட்டில் அடித்ததும் எனக்கு முதலில் வந்தது ரப்பர் வாசனை. சைக்கிளுக்குப் போடும் புது டியூப் மாதிரி. அதன் பின்னாலேயே தசைப்பிடிப்புக்குத் தேய்க்கும் களிம்பின் சாயல். கால் மணி நேரத்தில் இரண்டும் விலகி, கனமான, வெண்ணெய்ப் பதமான வெள்ளைப் பூ வாசனை எழுகிறது. ஓரத்தில் பீச் பழம். சாயங்காலம் வரை நிற்பது சந்தனமும் பவுடரும். அந்த நடுப்பகுதி நிஜமாகவே இனிப்பு, மறுக்க மாட்டேன். ஆனால் இணையத்தில் கிடைக்கும் நோட் பட்டியலை (என்னென்ன மணங்கள் என்று சொல்லும் பட்டியல்) பார்த்தால் பெர்கமோட், சம்பங்கி, மல்லிகை, கார்டினியா, பள்ளத்தாக்கு லில்லி, வயலட், ஐரிஸ், சந்தனம், கஸ்தூரி என்று போகிறது. நான் பார்த்தவற்றில் வனிலாவும் இல்லை, கேரமலும் இல்லை. அப்படியானால் இனிப்பு எதிலிருந்து? ரப்பரைப் பற்றி ஏன் ஒரு வரிகூட இல்லை? அப்புறம், காகிதப் பட்டையில் அடித்தால் அந்த ரப்பர் கட்டம் ஏறக்குறைய தெரிவதே இல்லை. என் தோலில்தான் ஏதோ கோளாறா?

எடைத்தட்டு:

தோலில் கோளாறு இல்லை. மூக்கிலும் இல்லை, நன்றாகவே வேலை செய்கிறது.

நான் வாசனைக் கலவை தயாரிக்கும் ஆய்வுக்கூடம் ஒன்றில் பல வருடம் மூலப்பொருள்களை எடை போட்டவள். கலவை உருவாக்குபவர் எழுதித் தரும் ஃபார்முலாவைப் பார்த்து, கிராம் கணக்கில் அளந்து ஊற்றுவதுதான் என் வேலை. அதனால் நோட் பட்டியல் மீது எனக்குப் பெரிய மரியாதை கிடையாது. அது விற்பனைப் பிரிவு எழுதும் கதை. பாட்டிலுக்குள் இருப்பதைச் சொல்வது அதன் நோக்கமே அல்ல. வாங்குபவர் மனதில் என்ன படம் வர வேண்டுமோ அதைச் சொல்லும். உங்கள் பட்டியலில் பள்ளத்தாக்கு லில்லி இருக்கிறது, இல்லையா? அந்தப் பூவிலிருந்து வாசனைத் தொழிலுக்கு உதவும்படி எண்ணெய் எடுக்க முடியாது. ஹைட்ராக்ஸிசிட்ரோனெல்லால் போன்ற செயற்கைப் பொருள்களை வைத்துத்தான் அதை வரைகிறார்கள். கார்டினியாவும் கிட்டத்தட்ட அப்படித்தான். வயலட் பூ என்றால் அயனோன். 1893இல் டீமானும் க்ரூகரும் கண்டுபிடித்த பொருள். ஆக, பட்டியலில் ரப்பர் என்று யாரும் எழுதப் போவதில்லை. எழுதினால் யார் வாங்குவார்கள்?

சரி, இனிப்புக்கு வருவோம். இன்று நாம் வாசனையில் இனிப்பு என்றால் பெரும்பாலும் நினைப்பது எத்தில் மால்டால் தரும் இனிப்பு. சர்க்கரையைக் காய்ச்சும்போது எழுகிற அந்த மணம். 1992இல் தியரி முக்லரின் ஏஞ்சல் அதை அள்ளிக் கொட்டி வெற்றி பெற்றது. அதற்குப் பிறகு வந்த பாதிப் பாட்டில்களில் அது இருக்கிறது. நம் மூக்கு அதற்குப் பழகிவிட்டது. ஃப்ராகா 1948இல் வந்தது, செய்தவர் ஜெர்மேன் செலியே. அதன் இனிப்பு வேறு வகை. சர்க்கரையைத் தேடினால் கிடைக்காது, ஏனென்றால் பூவின் வேதியியலிலேயே அந்த இனிப்பு இருக்கிறது.

சம்பங்கிப் பூவின் அப்சல்யூட்டை, அதாவது பூவிலிருந்து பிரித்தெடுத்த அடர்ந்த சாரத்தை, திறந்து முகர்ந்திருக்கிறேன். பழுப்பான, பிசுபிசுப்பான பொருள். முதல் மூச்சில் இனிப்பே தெரியாது. அதில் மெத்தில் சாலிசிலேட் இருக்கிறது. நீங்கள் சொன்ன தசைப்பிடிப்புக் களிம்பில் இருப்பதும் அதே பொருள்தான், சாயல் அல்ல, அதுவேதான். இண்டோல் இருக்கிறது. தனியாக எடுத்தால் பூச்சி உருண்டையையும், நாகரிகம் கருதி நான் எழுதாத இன்னொன்றையும் நினைவூட்டும். மெத்தில் பென்சோயேட், மெத்தில் ஆந்த்ரனிலேட் எல்லாம் உண்டு. கடைசியாகச் சொன்னது திராட்சை மணம் உடையது, ஆரஞ்சுப் பூவிலும் வரும். இவற்றோடு லாக்டோன்கள். பீச், தேங்காய், பாலாடை என்று நாம் பெயர் வைக்கும் வழவழப்பான இனிப்பு இவை தருவது. பூவில் இருப்பதோடு நிற்காமல், கலவை செய்பவர்கள் மேலும் லாக்டோன் சேர்ப்பது வழக்கம். மிகப் பழக்கமானது காமா-அன்டெகாலாக்டோன், சுத்தமான பீச் தோல். தொழிலில் அதை ஆல்டிஹைடு சி-14 என்பார்கள், ஆனால் அது ஆல்டிஹைடே கிடையாது. அந்தக் காலத்தில் போட்டியாளரைக் குழப்ப வைத்த பெயர் என்று சொல்லக் கேட்டிருக்கிறேன். உண்மையோ என்னவோ, புதிதாக வேலைக்கு வருபவர்கள் இன்றும் குழம்புகிறார்கள்.

ஆக நீங்கள் உணர்ந்த வரிசை சரியாகவே இருக்கிறது. சாலிசிலேட் சிறிய மூலக்கூறு, சீக்கிரம் பறக்கும். அதனால் களிம்பு முதலில் வந்து முதலில் போகிறது. இண்டோல் கொஞ்சம் தங்கும். லாக்டோன்கள் மெதுவானவை, அவை எழும்போதுதான் வெண்ணெயும் பீச்சும். அவற்றோடு ஐரிஸ் கிழங்கின் வழவழப்பும் அடியிலிருக்கும் சந்தனமும் கை கோத்துக்கொள்ளும். தோல் சூடானது, எல்லாவற்றையும் ஒரே வீச்சில் தூக்கி எறிகிறது. அதனால் ஆரம்பம் பலமாகத் தெரிகிறது. காகிதத்தில் அந்த வேகம் இல்லை. தவிர, பலர் பட்டையை ஆட்டி, ஆல்கஹால் போன பிறகுதான் மூக்கருகில் கொண்டு போவார்கள். அதற்குள் நிகழ்ச்சியின் முதல் காட்சி முடிந்திருக்கும்.

எனக்கு முக்கியமாகத் தோன்றுவது இது: அந்த ரப்பரும் களிம்பும் இனிப்புக்கு எதிரிகள் அல்ல. அவைதான் இனிப்பைத் தாங்கி நிற்கின்றன. இண்டோலைக் குறைத்து, பச்சை வாடையை நீக்கிச் 'சுத்தமான சம்பங்கி' செய்த சில கலவைகளை எடை போட்டிருக்கிறேன். காகிதத்தில் அழகாக இருக்கும். ஒரு மணி நேரத்தில் ஷாம்பு. கசப்போ அழுக்கோ ஒரு துளியும் இல்லாத பூ வாசனை, பூவாகவே தோன்றாது. செலியேவுக்கு அது தெரியும். 1944இல் பாண்டிட் என்ற வாசனையில் பதப்படுத்திய தோலின் கடுமையையும், 1947இல் பால்மேனுக்குச் செய்த வென் வேர் என்ற வாசனையில் கல்பானம் என்ற பச்சைப் பிசினையும் துணிந்து கொட்டியவர் அவர். ஃப்ராகாவில் அதே துணிச்சலை ஒரு வெள்ளைப் பூ மீது காட்டினார், அவ்வளவுதான். மென்மையான வாசனை என்று யாராவது ஃப்ராகாவை விளம்பரப்படுத்தினால் நம்பாதீர்கள். அறைக்குள் நாம் நுழையும் முன் அது நுழைந்துவிடும்.

பழையகுப்பி:

எடைத்தட்டு அக்கா விளக்கியதெல்லாம் சரி. ஒன்று மட்டும் சேர்க்கிறேன். எந்தக் காலத்துப் பாட்டில் என்று கேட்காமல் இந்தப் பேச்சே அர்த்தமற்றது. பிகேயின் நிறுவனம் 1951இல் மூடப்பட்டது. அதற்குப் பிறகு உரிமை கைமாறி, கலவையும் மாறி, 1990களின் பிற்பகுதியில்தான் ஒழுங்கான வடிவத்தில் மறுபடி வந்தது. பழைய பாட்டில்களில் நைட்ரோ கஸ்தூரிகள் என்ற செயற்கைக் கஸ்தூரிகள் இருந்த காலம் வேறு. அவற்றில் ஒன்றான மஸ்க் ஆம்ப்ரெட் 1995இல் ஐரோப்பாவில் தடையானது. அந்தப் பவுடர் போன்ற இனிப்பு இப்போது யாராலும் தர முடியாது. பள்ளத்தாக்கு லில்லி மணம் தரும் லிலியால் என்ற செயற்கைப் பொருளும் 2022 மார்ச்சிலிருந்து ஐரோப்பாவில் தடை. அதனால் இன்றைய ஃப்ராகாவை வைத்து செலியேவைப் பற்றித் தீர்ப்புச் சொல்வது சரியில்லை. கிடைத்தால் பழைய எக்ஸ்ட்ரெய்ட் (மிக அடர்த்தியான வகை) ஒன்றைத் தேடிப் பாருங்கள்.

எடைத்தட்டு:

பழையகுப்பி, தடைகள் பற்றிச் சொன்னதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் பழைய பாட்டில் என்றாலே அசல் என்று நினைக்க வேண்டாம். பாட்டிலுக்குள்ளும் வேதியியல் நிற்காமல் நடக்கிறது. மெத்தில் ஆந்த்ரனிலேட் ஆல்டிஹைடுகளோடு சேர்ந்து ஷிஃப் பேஸ் என்ற வேறு சேர்மமாகும், நிறம் மஞ்சளாகி ஆரஞ்சாகும். இண்டோலும் நிறத்தை அடர்த்தியாக்கும். நிறம் மாறியதால் மட்டும் கெட்டுப்போனது என்று சொல்ல முடியாதுதான். ஆனால் மேலே இருக்கும் பெர்கமோட், மாண்டரின் போன்ற சிட்ரஸ் எண்ணெய்கள் காற்றோடு சேர்ந்து முதலில் அழிவது வழக்கம். நாற்பது ஐம்பது வருடப் பாட்டிலைத் திறந்தால் முதல் நிமிடத்தில் வார்னிஷ் வாடை வருகிறதே, அது செலியே வைத்ததில்லை, காலம் வைத்தது. ஒளி படாமல், குளிர்ச்சியான இடத்தில் மூடியே வைத்திருந்த பாட்டில் என்றால் வேறு கதை. நம் தோழிக்கு இப்போது தேவை பழைய பொக்கிஷம் அல்ல, ஒப்பிட்டுப் பார்க்க ஏதாவது ஒன்று.

மூக்குத்தி:

இருவருக்கும் மிக்க நன்றி. களிம்பு நிஜமாகவே அந்தக் களிம்பின் பொருள்தான் என்று தெரிந்ததில் எனக்கு ஒரே சிரிப்பு. இன்று காலை போட்டுக்கொண்டு, ரப்பர் வாடையைத் திட்டாமல் காத்திருந்தேன். அதற்குள்ளேயே ஒரு பச்சைத் தண்டு வாடை இருக்கிறது, முன்பு கவனிக்கவில்லை. இன்னொரு கேள்வியும் இருக்கிறது. நடுவில் வயலட் வருகிறது, காணாமல் போகிறது, திரும்ப வருகிறது. தொடர்ந்து முகர்ந்தால் ஒன்றுமே தெரிவதில்லை. ஏன்? அப்புறம் அக்கா, ஒப்பிட என்று சொன்னீர்களே, எதை?

எடைத்தட்டு:

வயலட் விளையாட்டு அயனோனுடையது. மூக்கின் ஏற்பிகள் அதற்குச் சீக்கிரம் களைத்துவிடும், சற்றே ஓய்வு கொடுத்தால் மறுபடி பிடிக்கும். வாசனை அங்கேயேதான் இருக்கிறது, விட்டுவிட்டு வேலை செய்வது உங்கள் மூக்கு. பீட்டா-அயனோனை மணக்கும் திறன் பிறவியிலேயே ஆளுக்கு ஆள் மாறும். OR5A1 என்ற மரபணுவில் உள்ள வேறுபாடு காரணம். உங்களுக்கு வந்து போகிறது என்றால் கொடுத்து வைத்தவர்.

ஒப்பிட மூன்று சொல்கிறேன். செர்ஜ் லூட்டன்ஸின் ட்யூபெரூஸ் கிரிமினெல், 1999. உங்கள் களிம்பும் ரப்பரும் அதில் கதாநாயகர்கள், இனிப்பு வெகு நேரம் கழித்துத்தான் மேடை ஏறும். அடுத்து ஃப்ரெடெரிக் மாலின் கார்னல் ஃப்ளவர், 2005, டொமினிக் ரொப்பியோன் செய்தது. பச்சை இலை, யூகலிப்டஸ், தேங்காய்ச் சாயல் என்று போகும். வெண்ணெய் குறைவு, காற்றோட்டம் அதிகம். மூன்றாவது டியோரின் பாய்சன், 1985. சம்பங்கிதான், ஆனால் திராட்சையும் பிளம்மும் தூக்கலாக, பிசினும் மசாலாவும் சேர்ந்து இருட்டாக இருக்கும். அதில் ஒரே ஒரு தடவை அடித்தால் போதும், சொல்லிவிட்டேன்.

ஒரே நாளில் மூன்றையும் போடாதீர்கள். காகிதப் பட்டைகளில் தனித்தனியாக அடித்து, பெயர் எழுதி, அடித்தவுடனும் இரண்டு மணி நேரம் கழித்தும் மறுநாள் காலையிலும் முகர்ந்து பாருங்கள். மறுநாள் காலைதான் முக்கியம். பூ எல்லாம் போன பிறகு எதில் இன்னும் இனிப்பு மிச்சமிருக்கிறது என்று பார்த்து இங்கே எழுதுங்கள். ஃப்ராகாவில் எனக்கு மிஞ்சுவது சந்தனமும் கஸ்தூரியும் ஓரத்தில் ஒரு துளி பீச்சும். உங்களுக்கு வேறாக இருந்தால் அதையும் சொல்லுங்கள், கஸ்தூரி மூலக்கூறுகளில் சில எல்லோர் மூக்கிலும் விழுவதில்லை.