2007 ஆக்சென்ட்: நின்னா சூடு, ஹைவேல ஐஸ் மாதிரி ஓடுது. ஹெட்டை இறக்கணுமா?

குடியாத்தம்_தறித்தெரு | சனி இரவு 9:50

எல்லாருக்கும் வணக்கம். வண்டி அப்பாவோடது. ஹூண்டாய் ஆக்சென்ட், 1.5 பெட்ரோல், 2007 பதிவு, டிஎன் 23. ஒரே கை. 1,18,000 கிலோமீட்டர்தான் ஓடியிருக்கு. அப்பாவுக்கு 71 வயசு, மாசம் ரெண்டு தடவை வேலூர் சிஎம்சி ஆஸ்பத்திரிக்கு செக்கப். குடியாத்தத்துல இருந்து கே.வி.குப்பம், லத்தேரி, காட்பாடி வழியா போவோம்.

காட்பாடி வரைக்கும் ஒரு தொல்லையும் இல்ல. ஓடைப்பிள்ளையார் கோயில் கிட்ட வண்டிங்க நிக்க ஆரம்பிச்சதும் டெம்பரேச்சர் முள்ளு ஏறும். விருதம்பட்டு தாண்டி பாலாத்துப் பாலத்து மேல நகர்ந்துக்கிட்டே போனா பாதிக்கு மேல போயிடும். கிரீன் சர்க்கிள் வரும்போது ஏசியை நிறுத்தி, கண்ணாடியை இறக்கி, ஹீட்டரைப் போட்டுக்கிட்டு போறோம். அக்னி நட்சத்திரத்துல ஹீட்டர்! அம்மா புடவைத் தலைப்பால முகத்தை மூடிக்கிட்டு ஒரு வார்த்தை பேசாம வர்றாங்க. திட்டினாக்கூடத் தேவலாம்.

நிக்கும்போது ஏசியும் சூடான காத்துதான் விடுது. வண்டி ஓட ஆரம்பிச்சா ரெண்டும் சரியாயிடும். ஹைவேல இன்ஜின் சூப்பர். போன மாசம் வாலாஜா போனோம், முள்ளு அடியில இருக்கற சி (கோல்ட்) கோட்டை விட்டு ஒரு நூல்தான் மேல. அவ்வளவு கூலா ஓடுச்சு.

ரெண்டு வருஷம் முன்னாடியும் இதே மாதிரி சூடாச்சு. ஒரு கடையில விட்டோம், அரை நாள்ல சரி பண்ணிக் குடுத்தாங்க. இப்ப வேற கடையில காட்டினா, ஹெட் கேஸ்கெட் (இன்ஜினுக்கும் அது மேல உக்கார்ற ஹெட்டுக்கும் நடுவுல இருக்கற சீல்) போயிருக்கு, ஹெட்டை இறக்கி பிளேனிங் பண்ணணும் (அடிப்பக்கத்தைச் சமமா சீவணும்), 28,000 ஆகும்னு சொல்றாங்க. வாரத்துக்கு அரை லிட்டர் தண்ணி குறையுது, அது உண்மை. மைலேஜும் 13 குடுத்தது இப்ப 9. இ20, அதான் 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோலால இருக்கும்னு நினைக்கிறேன்.

கையில மொத்தம் 40,000 இருக்கு. அதுல டச் ஸ்கிரீன், எல்இடி ஹெட்லைட், 15 இஞ்ச் அலாய் போட்டு வண்டியைப் புதுசு மாதிரி ஆக்கலாம்னு இருந்தேன். ஹெட் வேலை நிஜமா வேணுமா, சொல்லுங்க.

டிஎன்23_சைதாப்பேட்டை | சனி இரவு 10:15

இன்னாபா, ஹெட்டை அவ்ளோ சீக்கிரம் இறக்கிடுவியா? காலையில இன்ஜின் ஜில்லுனு இருக்கசொல்ல ரேடியேட்டர் மூடியைத் தொறந்து வெச்சிட்டு ஸ்டார்ட் பண்ணு. அஞ்சு நிமிசம் பாரு. குக்கர்ல வர்ற மாதிரி விடாம குமிழி வந்துகினே இருந்தா கேஸ்கெட் மேல சந்தேகப்படு. ஆயில் மூடிக்கு அடியில பால் காபி கலர்ல நுரை இருக்கானு பாரு. ரெண்டும் இல்லன்னா அந்தக் கடைப் பக்கமே போவாத. சூடா இருக்கசொல்ல மட்டும் மூடியில கை வெச்சிடாத, மூஞ்சி வெந்துடும்.

பழைய_ஸ்பானர் | ஞாயிறு காலை 6:20

தம்பி, நீங்கள் எழுதியதை இரண்டு முறை படித்தேன். விடை அதற்குள்ளேயே இருக்கிறது. நீங்கள் பெருமையாகச் சொன்ன வரிதான் எனக்கு உறுத்துகிறது: ஹைவேயில் முள் சி கோட்டை விட்டு ஒரு நூல்தான் மேலே.

நல்ல இன்ஜின் அப்படி ஓடாது. சூடேறி முடித்ததும் முள் நடுவுக்குக் கொஞ்சம் கீழே வந்து, ஆணி அடித்தாற்போல் அங்கேயே நிற்க வேண்டும். வேகமாகப் போனாலும் நின்றாலும் அதே இடம்தான். அப்படி நிறுத்துவது தெர்மோஸ்டாட். 80 டிகிரியைத் தாண்டினால்தான் அது திறந்து தண்ணீரை ரேடியேட்டருக்கு விடும். உங்கள் வண்டியில் அது இல்லை என்றுதான் தோன்றுகிறது. இரண்டு வருடம் முன் அரை நாளில் 'சரி செய்தார்களே', அது இதுவாகத்தான் இருக்கும். சூடாகிறது என்று போனால் தெர்மோஸ்டாட்டைக் கழற்றிக் குப்பையில் போட்டு அனுப்புவது நம் பக்கம் பழைய வழக்கம். நோய் அப்படியே இருக்க, வலி மட்டும் கொஞ்ச நாள் தெரியாது.

மைலேஜ் கதையும் இதுதான். இன்ஜின் சூடேறவில்லை என்று சென்சார் சொல்லிக்கொண்டே இருந்தால், கம்ப்யூட்டர் மார்கழிக் காலையில் ஸ்டார்ட் செய்தது போல் பெட்ரோலை அதிகமாக ஊற்றிக்கொண்டே இருக்கும். இ20 மேல் முழுப் பழியையும் போடாதீர்கள். எத்தனாலில் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு சக்தி குறைவு. அதில் 20 சதவீதம் கலந்தால் மைலேஜ் நூற்றுக்கு ஆறேழு குறையலாம். 13 என்பது 9 ஆகாது. ஆனால் பழைய வண்டியின் ரப்பர் பெட்ரோல் ஹோஸ்களை எத்தனால் கெடுக்கும். பானெட்டைத் திறந்து, ஹோஸை விரலால் மடக்கி, வெடிப்பு இருக்கிறதா, பெட்ரோல் வாசனை வருகிறதா என்று பாருங்கள்.

இனி சூடு. ஓடும்போது சரி, நின்றால் ஏறுகிறது என்றால் காத்துக் குறை. ஓடும்போதும் ஏறினால்தான் தண்ணீர் ஓட்டத்தில் குறை: ரேடியேட்டர் அடைப்பு, வாட்டர் பம்ப் அந்த வகை. நின்றால் ஏசியும் சூடாகிறது என்கிறீர்கள். ஏசியின் சூட்டை வெளியே விடும் கண்டென்சரும் ரேடியேட்டரும் முன்னும் பின்னுமாக ஒரே இடத்தில்தான் இருக்கின்றன, இரண்டுக்கும் காத்து ஒன்றே. ஃபேனைப் பாருங்கள்.

ஒரு கேள்வி. ரேடியேட்டருக்கு என்ன தண்ணீர் ஊற்றுகிறீர்கள்?

ராணிப்பேட்டை_வயரிங் | ஞாயிறு காலை 8:05

மேல சொன்ன பெரியவர் கரெக்ட். இந்த வண்டியில ரெண்டு எலெக்ட்ரிக் ஃபேன் பக்கத்துல பக்கத்துல இருக்கும். ஏசி போட்டதும் ரெண்டும் சுத்தணும். இன்ஜினை ஸ்டார்ட் பண்ணி ஏசி போட்டுட்டு பானெட்டைத் தூக்கிப் பாருங்க ப்ரோ. சுத்தாத ஃபேனோட மோட்டார் முதுகுல ஸ்க்ரூ டிரைவர் கைப்பிடியால லேசா ரெண்டு தட்டு தட்டுங்க. சட்டுனு சுத்த ஆரம்பிச்சா மோட்டார்ல கார்பன் (உள்ள கரண்ட் கடத்தற சின்னக் கட்டி) தேஞ்சிருக்கு. தட்டியும் அசையலன்னா ஃபியூஸ், ரிலே, அப்புறம் நேரா பேட்டரியில இருந்து கரண்ட் குடுத்து செக் பண்ணணும். கைவிரல், துண்டு, தாலிச்சரடு எதுவும் ஃபேன் கிட்ட போகக்கூடாது, எப்ப வேணா சுத்தும்.

பழைய மோட்டாருக்கு கார்பன் மட்டும் மாத்தித் தர்ற வைண்டிங் கடை நம்ம பக்கம் இன்னும் இருக்கு. புது மோட்டார் வாங்கணும்னு யாராவது சொன்னா உடனே தலையாட்டாதீங்க.

வித்துட்டு_நிம்மதியா_இரு | ஞாயிறு காலை 10:30

இதுக்கெல்லாம் ஏன் மெனக்கெடணும்? 2022ல ஆர்சி புதுப்பிச்சிருப்பீங்க, அடுத்தது 2027. 20 வருஷம் தாண்டின காருக்கு ஆர்சி புதுப்பிக்கற கட்டணத்தை 2025 ஆகஸ்ட்ல 10,000 ஆக்கிட்டாங்க. முன்னாடி 5,000 இருந்தது. அது போக எஃப்சி, பசுமை வரி. வந்த விலைக்குத் தள்ளிட்டு, நாலு வருஷம் ஓடின ஹேட்ச்பேக் ஒண்ணு எடுங்க.

குடியாத்தம்_தறித்தெரு | ஞாயிறு மாலை 6:40

விக்கிறது பத்தி: அக்கா கல்யாணத்துக்கு மாப்பிள்ளை அழைப்பு போன வண்டி. அப்பா கிட்ட அந்தப் பேச்சை எடுத்தா அடுத்த தடவை பஸ்ல போவார். அதை விடுங்க.

இன்னைக்கு முழுக்க இதே வேலை. காலையில மூடி தொறந்து ஸ்டார்ட் பண்ணிப் பார்த்தேன். முதல்ல ரெண்டு மூணு குமிழி வந்தது, அப்புறம் இல்ல. ஆயில் மூடியில நுரை இல்ல. ஏசி போட்டா வலது ஃபேன் சுத்துது, இடது ஃபேன் செத்துக் கிடக்குது. ஸ்க்ரூ டிரைவரால தட்டினேன். மூணாவது தட்டுக்கு ஒரு முனகல் விட்டுட்டு சுத்திச்சு! நிறுத்திட்டு திரும்ப ஏசி போட்டா மறுபடியும் அசையல.

அடுத்து பக்கத்து வீட்டு மெக்கானிக் பாய் வந்து ரேடியேட்டரையும் கண்டென்சரையும் லேசா பிரிச்சார். ரெண்டுக்கும் நடுவுல தலையணை மாதிரி ஒரு அட்டை. கையால பிச்சு எடுத்தார், உரிச்ச தோல் மாதிரி ஒரே துண்டா வந்தது. எல்லாம் பஞ்சு. எங்க தெரு முழுக்க லுங்கி தறி, வண்டி நிக்கறது தறிக் கொட்டாய் வாசல்ல. பதினெட்டு வருஷப் பஞ்சு, நடுவுல பூச்சி றெக்கை, ஒரு புளியங்கொட்டை. அது எப்படி உள்ள போச்சுன்னு யாருக்கும் தெரியல.

தெர்மோஸ்டாட் ஹவுசிங்கைக் கழட்டினா, ஸ்பானர் ஐயா, உள்ள வெறும் ஓட்டை.

தண்ணி கேட்டீங்க. அப்பா எப்பவும் வீட்டு போர் தண்ணிதான் ஊத்துவார். டிக்கியில அஞ்சு லிட்டர் கேன் ஒண்ணு இருக்கும். மூடியைத் தொறந்து விரல் விட்டா கழுத்துல வெள்ளையா, டீ கெட்டில்ல படியற மாதிரி, சுண்ணாம்பு.

பழைய_ஸ்பானர் | ஞாயிறு இரவு 8:10

நினைத்தேன். நம் பக்கத்து போர் தண்ணீர் எவ்வளவு உப்பு என்று குளியலறைக் குழாயைப் பார்த்தாலே தெரியும். சூடாகும்போது அந்தச் சுண்ணாம்பு படிந்து, ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களை அடைக்கும். பழைய பித்தளை ரேடியேட்டர் என்றால் மேல் தொட்டியைப் பிரித்து, கம்பி விட்டுக் குத்தி எடுப்பார்கள். இது அலுமினியக் கோர், பிளாஸ்டிக் தொட்டி. அந்த வைத்தியம் இதற்குச் செல்லாது. ஹைவேயில் ஏறவில்லை என்பதால் உங்களுடையது இன்னும் முழுக்க அடையவில்லை. ஃப்ளஷ் செய்யுங்கள், அதாவது உள்ளே அலசி விடுங்கள். தெர்மோஸ்டாட் போட்ட பிறகு ஹைவேயில் முள் நடுவைத் தாண்டினால் மட்டும் புது ரேடியேட்டர் யோசிக்கலாம்.

மூடியையும் மாற்றுங்கள். அது வெறும் மூடி இல்லை, அழுத்த வால்வு. உள்ளே அழுத்தம் நிற்பதால்தான் 100 டிகிரியில் கொதிக்க வேண்டிய தண்ணீர் 115 தாண்டியும் கொதிக்காமல் இருக்கிறது. ஸ்பிரிங் தளர்ந்தால் சீக்கிரம் கொதித்து வெளியே தள்ளும். உங்கள் வாரம் அரை லிட்டர் அப்படித்தான் போயிருக்கும். பிறகு பாதி கூலன்ட், பாதி டிஸ்டில்டு வாட்டர். ரெடி மிக்ஸ் என்றால் அப்படியே ஊற்றலாம். போர் தண்ணீர் ஒரு சொட்டு கூடாது.

கேட்க மறந்தேன்: டைமிங் பெல்ட் எப்போது மாற்றியது?

குடியாத்தம்_தறித்தெரு | ஞாயிறு இரவு 8:25

அப்படின்னா?

டிஎன்23_சைதாப்பேட்டை | ஞாயிறு இரவு 8:27

ஐயோ.

பழைய_ஸ்பானர் | ஞாயிறு இரவு 8:50

பயப்பட வேண்டாம், ஆனால் அது மாறும் வரை நீண்ட பயணம் போகாதீர்கள். வால்வுகளைப் பிஸ்டனோடு தாளம் தப்பாமல் ஓட்டுவது அதுதான். இந்த இன்ஜினில் செயின் இல்லை, ரப்பர் பெல்ட். கிலோமீட்டர் ஓடாவிட்டாலும் வயசாகும். ஓடும்போது அறுந்தால் பிஸ்டன் வால்வை இடிக்கும், வால்வு வளையும். இல்லாத நோய்க்கு ஹெட்டை இறக்கச் சொன்னார்களே, அப்போது நிஜமாகவே இறக்க வேண்டி வரும். பெல்ட், அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர் இரண்டும் சேர்த்து மாற்றுங்கள். அந்தப் பக்கம் பிரிக்கும்போதே வாட்டர் பம்பில் கசிவு இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

ராணிப்பேட்டை_வயரிங் | திங்கள் காலை 7:30

அலாய்க்கு முன்னாடி டயர் வயசைப் பாருங்க. டயர்ல நாலு இலக்க நம்பர் ஒண்ணு முட்டை வடிவக் கட்டத்துக்குள்ள இருக்கும். 3218னு இருந்தா 2018ல 32வது வாரம் செஞ்சது. பட்டன் நல்லா இருக்கேன்னு ஏமாறாதீங்க. கம்மியா ஓடற வண்டிக்கு பட்டன் தேயறதுக்கு முன்னாடி ரப்பர் செத்துடும், அதுவும் வேலூர் வெயில்ல நிக்கற வண்டிக்கு.

எல்இடி வேணாம். அந்த ஹெட்லைட் குண்டு பல்புக்குன்னு செஞ்ச ரிஃப்ளெக்டர். எல்இடி போட்டா எதிர்ல வர்றவன் கண்ணுல அடிக்கும், உங்களுக்கு ரோடு தெரியாது. மஞ்சளாப் போன கண்ணாடியை பாலிஷ் போட்டு, ரிலே வச்சு நேரா பேட்டரியில இருந்து தடிமனா வயர் இழுத்தா அதே பல்பு வேற மாதிரி எரியும்.

டிஎன்23_சைதாப்பேட்டை | திங்கள் காலை 9:00

15 இஞ்ச் அலாயும் வேணாம்பா. நம்ம ரோட்டுப் பள்ளத்துக்கு பக்கவாட்டு உசரம் இருக்கற டயர்தான் தாங்கும். ஆனா டச் ஸ்கிரீனோட போடற ரிவர்ஸ் கேமராவை நான் வேணாம்னு சொல்ல மாட்டேன். 71 வயசுல அப்பா கழுத்தைத் திருப்பி ரிவர்ஸ் எடுக்கறது கஷ்டம். அது ஆடம்பரம்னு யாராவது சொன்னா என்கிட்ட அனுப்பு.

குடியாத்தம்_தறித்தெரு | அடுத்த ஞாயிறு இரவு 9:10

வேலை முடிஞ்சது. ஃபேன் கார்பன் 400, தெர்மோஸ்டாட் 650, மூடி 250, கூலன்ட்டும் டிஸ்டில்டு வாட்டரும் 1,150, ஹோஸ் எல்லாம் 1,400, கழுவி ஃப்ளஷ் பண்ண கூலி 1,200. ஆக 5,050. டைமிங் பெல்ட்டும் டென்ஷனரும் கூலியோட 4,800. கழட்டின பெல்ட்டை மடக்கினதும் பல்லுக்கு பல்லு வெடிப்பு. பாய் ஒண்ணும் பேசல, என் கையில குடுத்துட்டுப் போயிட்டார்.

டயர் நம்பர் 4117. நாலும் மாத்தினேன், 16,400. மொத்தம் 26,250. மீதியில 10,000 அடுத்த வருஷம் ஆர்சிக்கு எடுத்து வச்சாச்சு. 3,750ல சின்ன கேமரா ஒண்ணு பார்த்துட்டு இருக்கேன். டச் ஸ்கிரீன் போச்சு, பரவாயில்ல.

புது தெர்மோஸ்டாட்டை மாட்டறதுக்கு முன்னாடி பால் சட்டியில தண்ணி வச்சு, அதுக்குள்ள போட்டு, அடுப்புல சுட வச்சுப் பார்த்தேன். கொதி வர்றதுக்கு முன்னாடி மெதுவா வாயைத் திறந்தது. அம்மா வந்து பார்த்துட்டு இனிமே அந்தச் சட்டியில பால் காய்ச்ச மாட்டேன்னுட்டாங்க.

வெள்ளிக்கிழமை சிஎம்சி போனோம். பாலாத்துப் பாலத்து மேல இருபது நிமிஷம் நின்னோம், ஏசியோட. முள்ளு நடுவுக்குக் கீழ ஆணி அடிச்ச மாதிரி. இப்ப பயம் ஒண்ணுதான்: அப்பா டிக்கியில திரும்பவும் அந்தக் கேனை வச்சிருக்கார். நிறைய போர் தண்ணி.

பழைய_ஸ்பானர் | அடுத்த ஞாயிறு இரவு 9:45

கேனை எடுக்காதீர்கள், மனம் நோவார். தண்ணீரைக் கொட்டிவிட்டு டிஸ்டில்டு வாட்டர் நிரப்பி வையுங்கள். வாரம் ஒரு நாள் காலையில், இன்ஜின் ஆறியிருக்கும்போது, ரிசர்வாயரில் அளவு பாருங்கள். மறுபடியும் குறைய ஆரம்பித்தால் எழுதுங்கள்.