மாலி நாட்டுப் பாடகர், கிட்டார் கலைஞர் அலி ஃபர்கா தூரே உங்களுக்கு எங்கே அகப்பட்டார்?

பம்புக்காரன்:
2007. நெல் வயல்களுக்குத் தண்ணீர் இறைக்கும் பம்பு மாட்டுகிற வேலைக்காக நாலு மாதம் மாலியில் இருந்தேன். செவாரேயில் ஒரு பம்பைப் பார்த்துவிட்டு ராத்திரியில் தலைநகர் பமாகோவுக்குத் திரும்பினேன். 600 கிலோமீட்டருக்கு மேல். டாக்சிக்காரர் வடக்கே நியாஃபுங்கே பக்கத்து ஆள். வண்டியில் கேசட் ஓடியது. கிட்டார்கூட இல்லை. ஒற்றைத் தந்திப் பிடில் ஒன்று, எண்ணெய் போடாத கதவு பாடுகிற மாதிரி. யார் என்று கேட்டேன். "லெ மேர்" என்றார். கொஞ்சம் கழித்து "மோர்" என்றார்.

என் பிரெஞ்சு ஸ்பானர், வாஷர், சாப்பாடு, கக்கூஸ் அளவுதான். மேர் என்றால் அம்மா. மோர் என்றால் (நம் மோர் இல்லை) செத்துப்போவது. சரி, இவர் அம்மா பாடியது, அந்த அம்மாவும் போய்விட்டார் போல என்று நினைத்துவிட்டேன். அவர் தோளைத் தொட்டு, என் அம்மாவும் போன வருஷம்தான் போனார் என்று தெரிந்த நாலு வார்த்தையில் சொன்னேன். திரும்பி என்னைப் பார்த்தார். ரோட்டைப் பார்க்காமல் ரொம்ப நேரம் பார்த்தார். அப்புறம் கேசட்டை நிறுத்திவிட்டார். பமாகோ வரை திரும்பப் போடவே இல்லை.

பல வருஷம் கழித்துத்தான் தெரிந்தது, பிரெஞ்சில் மேயருக்கும் அதே உச்சரிப்பு. நியாஃபுங்கே மேயர், 2004இல் பதவிக்கு வந்தவர், 2006 மார்ச்சில் எலும்புப் புற்றுநோயில் போனவர். இரண்டு கிராமி வாங்கிய மனிதரை ஊர்க்காரர் பாடகர் என்று சொல்லவில்லை, மேயர் என்றார். நான் துக்கம் விசாரித்தேனா, கேலி செய்தேனா என்று இன்னும் குடைகிறது. உங்களுக்கு எப்படி?

லாஷப்பல் ஆள்:
பாரிஸில் கோப்பை கழுவிய காலம். என்னோடு நின்ற மாலிக்காரர் என்னைவிடப் பத்து வயது மூத்தவர், கழுவும்போது இவரைத்தான் போடுவார். ஃபர்கா என்றால் என்ன என்று கேட்டேன். "கழுதை" என்று சொல்லிச் சிரித்தார். தாய்க்குப் பத்தாவது பிள்ளை, முன்னால் பிறந்த ஒன்பதும் தங்கவில்லை. அதனால் பிடிவாதமும் பலமும் உள்ள ஒன்றின் பேரை வைத்துக் கூப்பிட்டார்களாம். எவரும் ஏறிச் சவாரி செய்ய முடியாத கழுதை நான் என்று தூரேயே சொல்லுவாராம்.

எங்கட பக்கத்திலும் பிள்ளை தங்காவிட்டால் பிச்சை, குப்பை என்று பேர் வைப்பார்கள்தானே. எனக்கு முன்னால் அம்மாவுக்கு இரண்டு போனது. என்னை வீட்டில் இன்னும் பிச்சை என்றுதான் கூப்பிடுவார்கள். அந்த மனிசர் அப்படிச் சிரித்துக்கொண்டு நிற்கேக்க, "என்ர பேரும் அப்படித்தான் அண்ணை" என்று ஒரு வசனம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. சட்டியைப் போட்டுத் தேய்த்துக்கொண்டு நின்றேன். அவர் இப்ப எங்கே என்று தெரியாது.

ஸ்லைடு கிட்டார்:
எனக்கு 1990களின் கடைசியில், சென்னையில், நண்பன் அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்த 'டாக்கிங் டிம்பக்டு' சிடி. ப்ளூஸ் (அமெரிக்கக் கறுப்பர்களின் இசை) பைத்தியங்கள் நாலு பேரைக் கூப்பிட்டு, அட்டையை மறைத்துப் போட்டேன். மூன்று பேர் மிசிசிப்பி என்றார்கள். ஒருவன் அமெரிக்க ப்ளூஸ் பாடகர் ஜான் லீ ஹூக்கரின் பழைய பதிவு என்று பந்தயமே கட்டினான். அட்டையைக் காட்டியபோது அவன் முகம் போன போக்கு இருக்கிறதே! நல்ல கலைஞர்தான், ஆனால் மனசாட்சியோடு பேசுவோம்: ஹூக்கர் ரெக்கார்டுகளைக் கேட்டுப் பழகிய கை அது, நகல்தான். கோபித்துக்கொள்ளாதீர்கள்.

எடுப்பு எங்கே:
@ஸ்லைடு கிட்டார், கோபம்தான். 1956இல் கினியா நாட்டு ஃபொதேபா கெய்த்தா வாசித்ததைப் பார்த்துத்தான் அவர் கிட்டார் எடுத்தார். அதற்கு முன்பே ஜுர்கேல் என்கிற ஒற்றைத் தந்திக் கருவி கையில் இருந்தது. அதன் விரல் பழக்கத்தை அப்படியே கிட்டாருக்கு மாற்றினார். ஹூக்கரைக் கேட்டது 1960களின் கடைசியில். கேட்டதும் அவருக்குத் தோன்றியது, இது எங்கள் ஊர்ச் சரக்கு, அங்கே எப்படிப் போனது என்பதுதான். வேர் இங்கே, கிளை அங்கே என்று கடைசிவரை சொன்னவரிடம் போய் நகல் என்கிறீர்கள். உங்கள் நண்பர்கள் பந்தயத்தில் தோற்றதே அதற்குச் சாட்சி, எனக்கு எதிராக இல்லை.

என் கதை சின்னது. அப்பாவுக்குக் கர்நாடக சங்கீதம் தவிர மற்றதெல்லாம் சத்தம். ஒரு ஞாயிறு நான் இவரைப் போட்டிருந்தேன். அப்பா பேப்பரை மடித்து வைத்தார். தொடையில் தாளம் போட்டார், நழுவியது. திரும்பப் போட்டார், நழுவியது. மூன்றாவது தடவை நிறுத்திவிட்டு, "எடுப்பு எங்கேடா?" என்று கேட்டார், பாட்டு தாளத்தில் எந்த இடத்தில் தொடங்குகிறது என்று. எனக்குத் தெரியவில்லை. ஒரே சுருதியைப் பிடித்துக்கொண்டு அதிலேயே சுற்றிச் சுற்றி வருகிற இசை, கார்டு (சுரக்கூட்டு) மாறவில்லையே என்று வெள்ளைக்காரர்கள்தான் தேடுவார்கள். அப்பாவுக்கு அது குறையாகவே படவில்லை. எடுப்புதான் தொந்தரவு. போகும்வரை அதைக் கேட்டுக்கொண்டே இருந்தார்.

ஒலித்தட்டு:
என் அனுபவம் இரண்டு வரி: ரயிலில் எதிர் சீட்டுப் பையன் ஹெட்போன் பின்னைச் சரியாகச் செருகாமல் கேட்டுக்கொண்டிருந்தான், பெட்டி முழுக்கக் கேட்டது, யாரும் திட்டவில்லை. அவ்வளவுதான்.

ஆனால் ஒன்று. எல்லாரும் 'டாக்கிங் டிம்பக்டு'வில் ஆரம்பிக்கிறீர்கள், தப்பு. 1994இல் அமெரிக்க கிட்டார்காரர் ரை கூடரோடு வெளியிட்டது, அடுத்த வருஷம் கிராமி. அதற்கு முந்தைய வருஷம் அதே விருதை ரை கூடர் நம் மோகன வீணைக் கலைஞர் விஸ்வ மோகன் பட்டோடு வாங்கினார், அதனால்தான் நம் ஆட்களுக்கு அது முதலில் கைக்கு வந்தது. அதைத் தள்ளி வையுங்கள். முதலில் 1999இல் வந்த 'நியாஃபுங்கே'. ஸ்டுடியோவுக்கு வர மாட்டேன், வயலில் வேலை இருக்கிறது என்றார். கம்பெனிக்காரர்கள் மெஷினைத் தூக்கிக்கொண்டு அவர் ஊருக்கே போய், கைவிட்டுக் கிடந்த ஒரு கட்டடத்தில் ஜெனரேட்டர் வைத்துப் பதிவு செய்தார்கள். வயல் வேலை முடிந்த நேரத்தில் வாசிப்பு. அப்புறம் 2005இன் 'இன் தி ஹார்ட் ஆஃப் தி மூன்'. பமாகோவில் நைஜர் நதிக்கரை ஓட்டல் ஒன்றில், துமானி தியாபாத்தேயின் 21 தந்திக் கோராவோடு (யாழ் மாதிரி மேற்கு ஆப்பிரிக்கக் கருவி). துமானி பரம்பரை பரம்பரையாக வாசிக்கும் வீட்டுப் பிள்ளை. தூரே அப்படி இல்லை, உயர்குடி. பாட்டு நமக்கு எதற்கு என்று வீட்டில் முறைத்த குடும்பம். நம் ஊரில் நாயனக்காரர் வீட்டுப் பையனோடு மிராசுதார் வீட்டுப் பையன் சரிசமமாக உட்கார்ந்து வாசித்தால் எப்படி இருக்கும், அதை மனதில் வைத்துக் கேளுங்கள். கடைசியில் 'சவான்', அவர் போன பிறகு வந்தது. போன் ஸ்பீக்கரில் கேட்காதீர்கள். மழை நாளில் கேட்காதீர்கள், இது வெயில் சங்கீதம். வேலை செய்துகொண்டே கேட்கலாம், தப்பில்லை.

தூரேயின் மகன் வியூ ஃபர்கா தூரேயும் பாடகர்தான், அவரைக் கேட்கிறவர்கள் தனி. அப்பா அவரைப் பட்டாளத்துக்குத்தான் அனுப்பப் பார்த்தார், சங்கீதத் தொழிலில் தான் ஏமாந்தது போதும் என்று. பையன் கேட்கவில்லை. கழுதைக்குப் பிறந்தது.

லாஷப்பல் ஆள்:
@ஒலித்தட்டு, ஒருவரும் பட்டியல் கேட்கவில்லை. வெயில் சங்கீதமாம். நாங்கள் பாரிஸ் குளிரில் கை விறைக்க விறைக்கக் கேட்டது.

ஸ்லைடு கிட்டார்:
சரி, நகல் என்ற சொல்லை வாபஸ் வாங்குகிறேன். பந்தயத்தில் தோற்றவனிடம் சொல்ல மாட்டேன்.

பம்புக்காரன்:
ஒலித்தட்டு சொன்ன வயல் கதையைப் படித்ததும் ஒன்று சொல்லத் தோன்றுகிறது. சம்பாதித்த பணத்தை அவர் ஊரில் பம்பு வாங்கிப் பாசனத்துக்குப் போட்டார். மேயரானதும் கைக்காசைப் போட்டு ரோடு, சாக்கடை எல்லாம் பார்த்தார். தன்னை விவசாயி என்றுதான் சொல்லிக்கொள்வார். அந்தப் பக்கத்து மண் எனக்குத் தெரியும், பம்பு நின்றால் பத்து நாளில் பயிர் போய்விடும். அந்த டாக்சிக்காரர் மேயர் என்று சொன்னது எனக்கு அதனால்தான் இவ்வளவு உறுத்துகிறது. நான் பம்புக்காரன் என்று அவருக்குத் தெரியும். விளங்கியிருந்தால் பமாகோ வரை பேச விஷயம் இருந்தது.

எடுப்பு எங்கே:
2012இல் வடக்கு மாலியை ஆயுதக் குழுக்கள் பிடித்துவைத்திருந்தபோது பாட்டுக்கே தடை போட்டார்கள், நியாஃபுங்கேயிலும். உங்கள் டாக்சிக்காரரும் அந்தக் கேசட்டும் என்ன ஆனார்களோ.

லாஷப்பல் ஆள்:
அண்ணை, மனசைப் போட்டு அலட்ட வேண்டாம். துக்கம் கேட்டதற்கு அவர்கள் கோபிக்க மாட்டினம். உங்கட தாயைப் பற்றிச் சொன்னீர்கள்தானே, அந்த மரியாதைக்கு நிறுத்தியிருப்பார். இல்லாவிட்டால் ஒரு பக்கம் முடிந்திருக்கும். கேசட்தானே.

பம்புக்காரன்:
முடியவில்லை. பாட்டுக்கு நடுவில் நிறுத்தினார்.