வீட்டு லேத்துக்கு நாமே செய்த டூல்: உங்கள் அனுபவம் என்ன?

திருநகர்க்காரன்

எந்த இன்சர்ட் (டூல் முனையில் மாட்டுகிற, கடையில் வாங்கும் கார்பைடு வெட்டுத் துண்டு) நல்லது, எது மலிவு என்பதெல்லாம் பேசித் தீர்ந்துவிட்டது. வீட்டில் லேத் (கடைசல் இயந்திரம்) வைத்திருப்பவர்கள் தங்கள் கையால் செய்த டூல் ஒன்றைப் பற்றி எழுதுங்களேன். எதிலிருந்து செய்தீர்கள், யாரிடம் பார்த்துக் கற்றீர்கள், எந்த வேலைக்குக் கைகொடுத்தது? கடையில் வாங்கியது வேண்டாம். நானே தொடங்கி வைக்கிறேன்.

என்னுடையது பெல்ட்டை மாற்றி மாற்றி வேகம் வைக்கிற பழைய சின்ன லேத். சிங்கிள் பேஸ், 1 எச்.பி. மோட்டார். கார்பைடு இன்சர்ட் மாட்டினால் எம்.எஸ். (மைல்டு ஸ்டீல், சாதாரண இரும்பு) கம்பியை நிமிஷத்துக்கு 100 மீட்டருக்கு மேல் ஓட்டச் சொல்கிறது. 25 மில்லி கம்பி என்றால் ஏறக்குறைய 1270 சுற்று. அந்த வேகத்தில் என் லேத் போடுகிற ஆட்டத்துக்குப் பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்ப்பார். எச்.எஸ்.எஸ். (ஹை ஸ்பீடு ஸ்டீல்) டூலுக்கு 25 மீட்டர் போதும், 320 சுற்றில் நிம்மதியாக ஓடும். அதோடு, பெரும்பாலான இன்சர்ட்டின் முனையை உடைந்துவிடக் கூடாது என்று கம்பெனியிலேயே லேசாக மழுக்கித்தான் அனுப்புகிறார்கள். ஆழமாக வெட்டும்போது அது தெரியாது. கடைசியில் 0.03 மில்லி எடுக்கப் போனால்தான் வெட்டாமல் தேய்த்துக்கொண்டு நிற்கும். கையால் தீட்டி எண்ணெய்க் கல்லில் இழைத்த டூல் அந்த அளவையும் சுருளாக எடுத்துக் கொடுத்துவிடும்.

செய்ததில் எனக்குப் பிடித்தது பார்ட்டிங் டூல், கடைந்த துண்டை அறுத்துத் தனியாக்குவது. உடைந்த பவர் ஹாக்ஸா (இரும்பறுக்கிற மோட்டார் ரம்பம்) பிளேடில் செய்தது. கப்பலூர்ப் பக்கம் ஒரு பழைய இரும்புக்கடையில் அந்த மாதிரி பிளேடுகள் சாக்கு நிறையக் கிடந்தன. எல்லாமே முழு எச்.எஸ்.எஸ். கிடையாது. சிலதில் பல் இருக்கிற ஓரம் மட்டும்தான் எச்.எஸ்.எஸ்., முதுகு வேறு எஃகு. கடைக்காரரின் கிரைண்டரிலேயே ஒவ்வொன்றின் முதுகையும் தொட்டுப் பார்த்தேன். வெளிச்சமாக, மத்தாப்புப் போலக் கிளை கிளையாக வெடித்தால் கார்பன் எஃகு. மங்கலான சிவப்பில், வெடிக்காமல் கோடு கோடாக வந்தால் அதுதான் நமக்கு வேண்டியது. கடைக்காரர் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார். "சார், செவப்புப் பொறி வர்றதெல்லாம் தனியா எடுத்து வைங்க" என்றார். உதவி செய்கிறார் என்றுதான் நினைத்தேன். பிரித்து முடித்ததும் அந்தக் குவியலுக்கு மட்டும் கிலோ விலை கிடையாதாம், பீஸ் விலையாம்! இன்றைக்கும் அவரிடம்தான் வாங்குகிறேன். இப்போது அவரே பொறி பார்த்துப் பிரித்து வைத்துவிடுகிறார்.

பிளேடு 2 மில்லி கனம். பல்லை கிரைண்டரில் எடுத்துவிட்டு கட்டிங் டிஸ்க்கில் துண்டு போட்டேன். முன்பக்கம் 7 டிகிரி சரிவு, மேல்பக்கம் தட்டை. இரண்டு பக்கமும் பின்னால் போகப் போக மெலிய வேண்டும். 1 டிகிரி இருந்தாலே போதும், ஆனால் அது இல்லாவிட்டால் டூல் தான் வெட்டிய காடியிலேயே மாட்டிக்கொள்ளும். ஹோல்டர் ஒரு எம்.எஸ். சட்டம், அதில் காடி, மேலே தகடு, இரண்டு ஆலன் போல்ட்.

டூலைப் பின்பக்க டூல் போஸ்ட்டில் தலைகீழாக மாட்டியிருக்கிறேன். சுருள் தானாகக் கீழே விழுந்துவிடும். சிக்கினாலும் டூல் கடைகிற துண்டுக்குள் பாயாமல் விலகி வளைந்து கொடுக்கும். சின்ன லேத்தில் பார்ட்டிங் என்றாலே பயப்படுகிறவர்கள் இதை மட்டும் செய்து பாருங்கள்.

மாதாந்திர மின்தடை நாளைத்தான் எண்ணெய்க் கல்லுக்கு ஒதுக்கியிருக்கிறேன். வேறு எந்த வேலையும் ஓடாதே.

புதூர் டூல்ரூம்

திருநகர்த் தம்பி, பொறி பார்த்து வாங்கியது சரியான வேலை. எச்.எஸ்.எஸ். பற்றி ஒன்று சேர்க்கிறேன். அமெரிக்காவில் பெத்லஹேம் ஸ்டீலில் டெய்லரும் ஒயிட்டும் கண்டுபிடித்த பதம் அது. 1900ஆம் ஆண்டு பாரிஸ் கண்காட்சியில் டூல் முனை சிவந்துகொண்டிருக்கும்போதே இரும்பை வெட்டிக் காட்டி எல்லோரையும் வாய்பிளக்க வைத்தார்கள். 600 டிகிரி வரை தாங்குகிற சரக்கு. ஆகவே சாணை பிடிக்கும்போது முனையில் நீலம் ஏறினால் பதறி ஓடிப்போய்த் தண்ணீரில் முக்காதீர்கள். நீலத்தால் அதற்குப் பெரிய கெடுதல் கிடையாது. திடீரென்று குளிர்ந்தால்தான் கண்ணுக்குத் தெரியாத விரிசல் விழும். கார்பன் எஃகு நேர்மாறு: நீலம் ஏறினால் பதம் போய்விட்டது, அடிக்கடி தண்ணீர் தொட்டுத்தான் பிடிக்க வேண்டும்.

நான் சொல்ல வந்தது டி-பிட், துளையைச் சரியான அளவுக்குக் கொண்டுவருகிற டூல். பணியில் இருந்த காலத்தில் அந்த வேலைக்கு ரீமர் கேட்டால் ஸ்டோரில் எடுத்துக் கொடுப்பார்கள். ஓய்வு பெற்ற பிறகு 11.3 மில்லி மாதிரி எந்தக் கடையிலும் கிடைக்காத அளவில் ஒரு துளை வேண்டுமென்றால் எங்கே போவது? சில்வர் ஸ்டீல் (கார்பன் கூடிய டூல் எஃகு) கம்பியை அந்த அளவுக்குக் கடைந்து, முனையில் பாதிக்கும் ஒரு மயிரிழை கூட விட்டு மீதியைத் தட்டையாக அரத்தால் எடுத்துவிட்டால் டி-பிட் தயார். முனையை மட்டும் பின்பக்கமாகக் கொஞ்சம் சரித்துவிட வேண்டும். முதலில் சற்றுக் குறைவான டிரில் ஓட்டுங்கள். வாய்ப்பக்கம் கொஞ்ச தூரம் போரிங் செய்து (உட்புறத்தைக் கடைந்து) சரியான அளவுக்குக் கொண்டுவந்துவிட்டு, டி-பிட்டை டெயில்ஸ்டாக்கில் (லேத்தின் எதிர்முனைத் தாங்கியில்) மாட்டி, மெதுவாக, எண்ணெய் விட்டு, அடிக்கடி வெளியே இழுத்துத் துடைத்து ஓட்டினால் துளை நேராகவும் அடி தட்டையாகவும் வரும். டிரில் கோணலாகப் போகும். இது போகாது.

செய்வது சுலபம். சூடாக்கிக் குளிரவைத்துப் பதம் வைப்பதுதான் பாடு. கம்பெனியில் பைரோமீட்டர் வெப்பத்தைச் சொல்லிவிடும். வீட்டில் இருப்பது ஒரு கேஸ் டார்ச்சும் நாலு தீச்செங்கல்லும். அப்போதுதான் திருப்பாச்சேத்தியில் அருவாள் அடிக்கிற ஒருவரைப் போய்ப் பார்த்தேன். உலையைப் பட்டறையின் இருட்டு மூலையில் வைத்திருந்தார். பட்டப்பகலில் ஏன் இப்படி என்று கேட்டதற்கு, "வெயில்ல வச்சுப் பாத்தா இரும்பு பொய் சொல்லும்ங்கய்யா" என்றார். அது உண்மை. நம் ஊர் வெயிலில் கருஞ்சிவப்பு கண்ணுக்கே தெரியாது. தெரிகிற அளவுக்குச் சூடேற்றினால் அதற்குள் அளவு மீறியிருக்கும். அவர் துவைச்சல் கொடுக்கும்போது, அதாவது சூடான இரும்பைத் தண்ணீரில் முக்கும்போது, கவனித்தேன். அருவாளின் வாய்ப்பக்கம் மட்டும்தான் தண்ணீரைத் தொட்டது. முதுகு அப்படியே மெதுவாக ஆறியது.

கிளம்பும்போது லாரிப் பட்டையில் (லாரியின் ஸ்பிரிங் பட்டையில்) ஒரு டூல் அடித்துத் தரட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன், மனத்தாங்கல்தான் அவருக்கு. லாரிப் பட்டையில் கார்பன் 0.6 சதவீதம் போலத்தான் இருக்கும். ஓங்கி வெட்டினாலும் ஒடியக் கூடாத அருவாளுக்கு அதுதான் சரி. இரும்பையே வெட்ட வேண்டிய டூலுக்கு 1 சதவீதத்துக்கு மேல் வேண்டும். சில்வர் ஸ்டீலில் அது இருக்கிறது.

அவர் கண்ணால் பார்ப்பதை நான் காந்தத்தால் பார்க்கிறேன். 770 டிகிரி வாக்கில் எஃகு காந்தத்தை விட்டுவிடும். நிழலில் வைத்துச் சூடேற்றி, காந்தம் பிடிக்காத நிலை வந்ததும் இன்னும் கொஞ்சம் விட்டு, கம்பியை நெட்டுக்குத்தலாகத் தண்ணீரில் இறக்க வேண்டும். சாய்த்து இறக்கினால் வளைந்துவிடும். பிறகு அரத்தை வைத்து இழுத்துப் பாருங்கள், வழுக்கினால் கடினமாகிவிட்டது. அப்படியே ஓட்டினால் கண்ணாடியாய் உடையும். தட்டையான பக்கத்தை எமரித் தாளால் பளபளப்பாக்கி, தோசைக்கல்லில் மணல் பரப்பி, அதன்மேல் வைத்து அடுப்பைச் சிம்மில் எரிய விடுங்கள். வைக்கோல் நிறம் ஏறினால் 230 டிகிரி, அப்போதே எடுத்துவிட வேண்டும். பழுப்புக்குப் போனால் 250ஐத் தாண்டிவிட்டது. தோசைக்கல் தனியாக வாங்கிக்கொள்ளுங்கள், வீட்டில் சண்டை வேண்டாம்.

செல்லூர் தறிப்பட்டறை

அண்ணே, நான் டூல்ரூம் ஆள் இல்ல, பவர்லூம் ரிப்பேர் பாக்குறவன். தறிக்குப் பித்தளை புஷ் (துளைக்குள்ள பொருந்துற உருளை வளையம்) கடைசல் பண்ணுவேன், ஓரத்துல ஒரு வளைவு வேணும். ஒவ்வொண்ணுக்கும் கையாலயே ஓட்டிக்கிட்டிருந்தா எப்ப முடிக்கிறது? எச்.எஸ்.எஸ். பிட்டுல அந்த வளைவையே மெல்லிசு டிஸ்க்க வச்சு எடுத்துட்டேன். வளைவு சரியா இருக்கான்னு பாக்க அதே அளவு டிரில் தண்டை வச்சு வெளிச்சத்துல பிடிச்சுப் பாத்தாப் போதும். பித்தளைக்கு மேல் சரிவு சுத்தமா வைக்கக் கூடாது, தட்டையா இருக்கணும். எம்.எஸ்.க்கு வைக்கிற மாதிரி சரிவு வச்சா டூல் உள்ளுக்கு இழுத்து ஜாப்பைப் பிடுங்கிடும். தீட்டும்போது மேல்பக்கத்த மட்டும்தான் தொடுவேன், அப்பத்தான் வளைவு மாறாது. எனக்கு இதைச் சொல்லிக் குடுத்த பெரியவர் ஒரு மில்லுல டர்னரா இருந்தவர். சாணை பிடிக்கிறப்ப கையுறை போட்டா பட்டுனு கையில அடிப்பாரு.

வாடிப்பட்டி மோட்டார்

வணக்கம் ஐயா, அண்ணன்மாரே. பம்ப்செட் வேலைதான் எனக்கு. துளையின் உட்புறம் கடைகிற போரிங் பார் நானே செய்தேன். எம்.எஸ். தண்டில் குறுக்கே துளை போட்டு, உடைந்த எண்ட் மில்லின் தண்டைத் தீட்டி, கிரப் ஸ்குரூவால் இறுக்கினேன். டிரில் தண்டை வைத்துப் பார்த்தேன், பலதில் தண்டு மென்மையாக இருக்கிறது, முனை நிற்காது. பாரின் தடிமன் இன்னும் கொஞ்சம் பெரிதாக இருந்தால் எவ்வளவு பலன்? அப்புறம் காஸ்ட் அயர்ன் பம்ப் பாடியின் மேல்தோலில் எச்.எஸ்.எஸ். முனை உடனே மழுங்குகிறது. கார்பைடு துண்டை பித்தளையால் பற்ற வைத்து நானே டூல் செய்யலாமா?

புதூர் டூல்ரூம்

தம்பி, பார் விஷயத்தில் கணக்கு கறார். வெளியே நீட்டியிருக்கிற நீளம் இரண்டு மடங்கானால் வளைவு எட்டு மடங்கு. தடிமன் இரண்டு மடங்கானால் விறைப்பு பதினாறு மடங்கு. துளைக்குள் போகிற அளவில் பெரிய தடிமன், கூடிய மட்டும் குறைந்த நீட்டல்.

காஸ்டிங்கின் மேல்தோலில் மணல் ஒட்டியிருக்கும், விளிம்பு சீக்கிரம் குளிர்ந்து கெட்டிப்பட்டும் இருக்கும். அங்கே மட்டும் திருநகர்த் தம்பியோடு நான் ஒத்துப்போக மாட்டேன், கார்பைடுதான் வேண்டும். முதல் வெட்டிலேயே தோலுக்கு அடியில் போய்விடுகிற ஆழம் கொடுங்கள். சுரண்டிக்கொண்டு போனால் கார்பைடும் தாங்காது. பற்ற வைப்பது முடியும். எம்.எஸ். தண்டில் படி வெட்டி, ஒட்ட உதவுகிற பிளக்ஸ் தடவி, சூட்டை தண்டின் அடியிலிருந்து கொடுங்கள், கார்பைடின் மேல் ஜுவாலை நேராகப் படக் கூடாது. ஒட்டியதும் தண்ணீரில் வைக்காதீர்கள், மணலில் புதைத்து ஆற விடுங்கள். இரண்டும் வெவ்வேறு அளவில் சுருங்கும், அவசரப்பட்டால் துண்டு பிளந்துவிடும்.

தீட்டுவதற்குச் சாம்பல் நிறக் கல் உதவாது, பச்சை நிற சிலிக்கான் கார்பைடு கல் வேண்டும். அந்தத் தூசியில் கோபால்ட் இருக்கிறது, நுரையீரலுக்கு ஆகாது. நல்ல முகமூடி போட்டு, மூடிய அறையில் இல்லாமல் வெளியே வைத்துப் பிடியுங்கள். புதுக் கல்லை மாட்டும் முன் துளையில் விரலை விட்டுத் தொங்கவிட்டு மரக்கைப்பிடியால் தட்டிப் பாருங்கள், மணி மாதிரிக் கணீரென்று கேட்க வேண்டும். டொக்கென்று கேட்டால் உள்ளே விரிசல், கடைக்காரரிடமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். ஸ்டார்ட் பண்ணும்போது கல்லுக்கு நேரே நிற்காதீர்கள். டூல் ரெஸ்டுக்கும் கல்லுக்கும் இடைவெளி 3 மில்லிக்கு மேல் போகக் கூடாது.

வாடிப்பட்டி மோட்டார்

சரிங்கய்யா. பச்சைக் கல் 150 மில்லியில் கிடைக்கிறது, துளைதான் என் கிரைண்டரை விடப் பெரிதாக இருக்கிறது. எம்.எஸ்.ஸில் ஒரு புஷ் கடைந்து மாட்டலாமா?

புதூர் டூல்ரூம்

வேண்டாம். கல்லோடு விற்கிற பிளாஸ்டிக் புஷ் கேட்டு வாங்குங்கள். இரும்பு புஷ் இறுக்கமாக உட்கார்ந்துவிட்டால் கல் வெடிக்க அதுவே காரணமாகிவிடும்.