உடலுழைப்பு சர்வே எடுத்தவர்கள் இருந்தால் உதவுங்கள்

வணக்கம். தஞ்சாவூர்ப் பக்கம் சில கிராமங்களில், பெரியவர்கள் எவ்வளவு உடலுழைப்பு செய்கிறார்கள் என்று கணக்கெடுக்கப் போகிறோம். உலக சுகாதார நிறுவனத்தின் ஜிபேக் (GPAQ) என்ற உடலுழைப்பு வினாத்தாளைத்தான் எடுத்திருக்கிறோம். வேலை, போக்குவரத்து, பொழுதுபோக்கு, உட்கார்ந்திருக்கும் நேரம் என்று மொத்தம் 16 கேள்விகள்.

சிக்கல், வினாத்தாள் 'வழக்கமான ஒரு வாரம்' பற்றிக் கேட்கும் இடத்தில்தான். முன்னோட்டத்தில் ஒரு அக்கா, "நடவு வாரத்தைச் சொல்லவா, சும்மா இருக்கிற வாரத்தைச் சொல்லவா?" என்று திருப்பிக் கேட்டார். நடவைக் கடும் உழைப்பு என்று பதிந்தால், நாளுக்கு 6 மணி நேரம், வாரம் 5 நாள், மெட் மதிப்பு (சும்மா உட்கார்ந்திருப்பதைப் போல எத்தனை மடங்கு சக்தி செலவாகிறது என்ற அளவு) 8 என்று போட்டு 14,400 மெட்-நிமிடம் வருகிறது. ஒரு வாரத்துக்குத் தேவையான குறைந்தபட்ச அளவோ வெறும் 600! மிதமான உழைப்பு என்று 4 போட்டால் அது அப்படியே பாதியாகிவிடும். எது சரி?

அப்புறம், ஒரே மூச்சில் 10 நிமிடமாவது செய்ததைத்தான் கேட்கச் சொல்கிறது வினாத்தாள். அதே நிறுவனத்தின் 2020 வழிகாட்டுதலில் அந்த நிபந்தனையையே எடுத்துவிட்டார்கள். ஆனாலும் பழைய ஆய்வுகளோடு ஒப்பிட வேண்டுமே என்று அப்படியே வைத்திருக்கிறோம். தண்ணீர்க் குடம் தூக்குவது, முற்றம் பெருக்குவது எல்லாம் இதில் நழுவிவிடுமோ என்பது என் சந்தேகம்.

களத்தில் இறங்கியவர்கள் சொல்லுங்கள்: நடவுக் காலத்துக்கும் மற்ற காலத்துக்கும் தனித்தனியாகக் கேட்டீர்களா? உள்ளூர் வேலைகளைப் படமாகப் போட்ட அட்டை யாரிடமாவது இருக்கிறதா? சிலருக்கு மட்டும் இடுப்பில் அசைவுமானி (உடல் அசைவைப் பதியும் சிறு கருவி) கட்டிச் சரிபார்த்தவர்கள் இருந்தால், எத்தனை பேருக்குக் கட்டினீர்கள், வயலில் அது தாக்குப்பிடித்ததா என்றும் சொல்லுங்கள்.