ஒடுங்கு பண்பு வலுவற்றது என்றால் அது ஏன் அழிவதில்லை?

கேள்வி:
பன்னிரண்டாம் வகுப்பு படிக்கும் என் மகளுக்கு மெண்டலின் மரபு விதிகளைச் சொல்லிக்கொடுக்கும்போது ஓரிடத்தில் நானே நின்றுவிட்டேன். உருண்டை விதைப் பட்டாணியையும் சுருங்கிய விதைப் பட்டாணியையும் கலந்தால் முதல் சந்ததியில் எல்லாம் உருண்டையாகவே வருகின்றன. அவற்றைத் தன்மகரந்தச் சேர்க்கைக்கு விட்டால் அடுத்த சந்ததியில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு சுருங்கியதாக வருகிறது. கட்டம் போட்டு விகிதத்தைக் கண்டுவிடுகிறோம். ஆனால் இப்படி முதல் சந்ததியில் மறைந்துபோகும் ஒடுங்கு பண்பு வலுவற்றது என்றால் அது ஏன் அழியாமல் மிஞ்சுகிறது?

பதில் 1:
'வலு' என்னும் சொல்லை முதலில் விலக்கிவிடுங்கள். குழப்பம் அதில்தான் தொடங்குகிறது. மறைவது பண்புதானே தவிர, அதற்குரிய காரணி (இன்று மரபணு என்கிறோம்) அன்று. பிர்னோ நகர மடத்தின் தோட்டத்தில் மெண்டல் எண்ணிய இரண்டாம் சந்ததி விதைகள் 7,324; அவற்றில் 5,474 உருண்டை, 1,850 சுருங்கியவை. பலரும் இந்த 3:1 விகிதத்தோடு நின்றுவிடுகிறார்கள். அவரோ உருண்டை விதைகளிலிருந்து வளர்ந்த 565 செடிகளை மேலும் சோதித்தார்: 193 செடிகள் உருண்டை விதைகளை மட்டுமே தந்தன, 372 செடிகள் இருவகையையும் தந்தன. அதாவது, பார்வைக்கு ஒன்றுபோல இருந்தவற்றில் மூன்றில் இரண்டு பங்கு, சுருங்கும் காரணியை மாற்றமின்றிச் சுமந்துகொண்டிருந்தது. இணையாக இருக்கும் இரு காரணிகளும் கேமீட் (இனச்செல்) உருவாகும்போது ஒன்றோடொன்று கலவாமல் பிரிகின்றன என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்றை நான் கண்டதில்லை. உங்கள் மகளுக்கு இந்தக் கணக்கைக் கட்டாயம் காட்டுங்கள்.

பதில் 2:
முதல் சந்ததியில் வெளிப்படும் ஓங்கு பண்பு, ஒடுங்கு பண்பை 'அடக்குகிறது' என்று நாம் சொல்வதன் உட்பொருளையும் சேர்த்துக்கொள்ளலாம். மாவுச்சத்து மூலக்கூற்றில் கிளைகளை உண்டாக்கும் நொதி ஒன்று பட்டாணியில் உண்டு. சுருங்கிய வகையில் அந்த நொதிக்கான மரபணுவின் நடுவே ஏறத்தாழ 800 கார இணைகள் (டி.என்.ஏ. இழையின் அலகுகள்) கொண்ட துண்டு ஒன்று புகுந்து அதைக் கெடுத்திருக்கிறது என்று 1990இல் கண்டறிந்தார்கள். மாவுச்சத்து குறைய, சர்க்கரை மிகுந்து, வளரும் விதை நீரைக் கூடுதலாக ஈர்த்துப் பருக்கிறது. முற்றிக் காயும்போது அந்த நீரை இழந்து சுருங்குகிறது. நல்ல மரபணு ஒன்றே இருந்தாலும் விதை உருண்டையாவதற்குப் போதுமான நொதி கிடைத்துவிடுகிறது. ஆகவே ஒன்று மற்றொன்றை அடக்குவதில்லை. ஒன்று வேலை செய்கிறது, மற்றொன்று செய்யவில்லை, அவ்வளவே. கலப்பின விதையின் மாவுமணிகளை நுண்ணோக்கியில் பார்த்தால் அவை இரு பெற்றோருக்கும் இடைப்பட்ட வடிவில் இருக்கும்; ஓங்குத்தன்மை என்பது நாம் எதைப் பார்க்கிறோம் என்பதையும் பொறுத்தது.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. அப்படியானால் ஓங்கு பண்புதான் மக்களிடையே மிகுதியாகக் காணப்படும் என்று கொள்வதும் தவறா?

பதில் 1:
தவறுதான். ஆறாவது விரல் பல குடும்பங்களில் ஓங்கு பண்பாகவே கடத்தப்படுகிறது. ஆயினும் அது அரிது. 'ஓ' இரத்த வகை ஒடுங்கு பண்பு. உலகில் மிகப் பரவலாக இருப்பதும் அதுவே. எது ஓங்கும் என்பது ஓர் உயிரின் உடலுக்குள் நடப்பது. எது பெருகும் என்பதோ பல தலைமுறைகளில், ஒரு கூட்டம் முழுவதிலும் நடப்பது.