கெண்டோ, இயாய்டோ என்கிற ஜப்பானிய வாள்கலைகளைப் பழகியவர்களே, இன்னும் உறுத்துகிற ஒரு சந்திப்பைச் சொல்லுங்கள்

மூங்கில்39:
நானே தொடங்குகிறேன். கெண்டோவில் மூன்றாம் டான், அதாவது மூன்றாம் நிலைத் தகுதி, வாங்கிய புதிது. டோக்கியோவில் எங்கள் வார்டு ஜிம்னேசியத்தில் செவ்வாய்க்கிழமை பயிற்சி. அங்கே எழுபத்தெட்டு வயதுப் பெரியவர் ஒருவர் வருவார். ஏழாம் டான். எட்டாம் டான் தேர்வுக்கு மே மாதம் கியோட்டோ, நவம்பரில் டோக்கியோ என்று எத்தனையோ வருடமாக அலைகிறவர். நூறு பேர் போனால் ஒருவர் தேறுவதே பெரிது, உங்களுக்குத் தெரியாததா. கீழே உட்கார்ந்து எழ சுவரைப் பிடிப்பார். இவரிடம் என்ன ஆகிவிடப் போகிறது என்றுதான் எதிரே போய் நின்றேன்.

எழுந்து நின்றதுமே அவருடைய ஷினாய், அதாவது மூங்கில் வாளின் நுனி என் தொண்டைக்குழிக்கு நேரே வந்துவிட்டது. நான் வலது பக்கம் நகர்ந்தால் அதுவும் நகர்கிறது. முன்னே போனால் அது அசையவில்லை, நான்தான் போய் முட்டிக்கொள்கிறேன். வேகமும் இல்லை, பலமும் இல்லை. ஐந்து நிமிடத்தில் ஒரு தடவைகூட அடிக்காமலே எனக்கு மூச்சு வாங்கியது.

அப்புறம் நுனியை ஒரு சாண் கீழே இறக்கினார். தலை அப்படியே திறந்து கிடக்கிறது. வந்து அடித்துக்கொள் என்கிறார். என் கால் எழும்பவில்லை! எத்தனை நொடி நின்றேன் என்று தெரியாது. கடைசியில் வெட்கம் தாங்காமல் ஒரு கத்துக் கத்திப் பாய்ந்து மென், அதாவது தலையில் ஒரு அடி, அடித்தேன். 'பட்'டென்று நல்ல சத்தம். அவர் 'இல்லை' என்று தலையை மட்டும் ஆட்டினார்.

முடிந்ததும் மண்டியிட்டு வணங்கி, எங்கே தப்பு என்று கேட்டேன். டோஜோ என்கிற பயிற்சிக்கூடங்களில் எல்லாம் சொல்கிற அதே பழைய வாக்கியம்தான் வந்தது: "அடித்து ஜெயிக்காதே, ஜெயித்துவிட்டு அடி." ஆயிரம் தடவை கேட்டதுதான். ஆனாலும் திறந்து கொடுத்த தலைமேல் ஏன் கால் போகவில்லை என்பது ஆறு வருடமாகப் புரியவில்லை.

ஒன்பதாம்_மாடி_அம்மா:
நான் பழகியதில்லை. என் பையனின் கதை. பத்து வயது, வார்டு போட்டி, முதல் சுற்று. எதிரே ஒரு தலை உயரமான பிள்ளை. இவன் எப்படியோ புகுந்து மென் அடித்தான். நடுவர்கள் மூவரின் கொடியும் ஒரே நேரத்தில் மேலே போனது. எனக்குக் கண்ணீரே வந்துவிட்டது. இவன் சந்தோஷத்தில் இடது கையை மடக்கி இப்படி ஒரு குத்து, காற்றில். அவ்வளவுதான். மூவரும் நடுவில் கூடி ஏதோ பேசினார்கள். தலைமை நடுவர் கொடியைக் கீழே இறக்கி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் வீசினார். இப்போன், அதாவது அந்த வெற்றிப்புள்ளி, ரத்து.

விதி எனக்கும் தெரியும். மறக்க முடியாதது அது இல்லை. அவன் அழுதான். மென் என்றால் தலைக்கவசமும்தான், அதை மாட்டியிருக்கும்போது முகத்துக்கு முன்னால் இரும்புக் கம்பி, கையில் கோதே. கண்ணைத் துடைக்க முடியாது. கையுறையைக் கம்பியில் இடித்துக்கொண்டே மறுபடியும் போய் நின்றான். பின்னாலிருந்த தாத்தா ஒருவர், "நல்ல பாடம்" என்று என்னிடம் சிரித்தார். அவரை அடிக்கலாம்போல் இருந்தது.

தெனுகுய்:
@ஒன்பதாம்_மாடி_அம்மா, வருத்தம் புரிகிறது, ஆனால் அந்தத் தாத்தா சொன்னதுதான் சரி. அடித்த பிறகும் எதிரியிடமிருந்து கவனத்தை எடுக்கக் கூடாது, அதுதான் ஸான்ஷின். கத்தியால் வெட்டிவிட்டு யாராவது துள்ளிக் குதிப்பானா? விழுந்தவன் மறுபடி எழுந்து வரலாம். தோற்றவனுக்கும் ஒரு மரியாதை உண்டு. ஆயிரம் வருட சாமுராய் மரபை ஒரு பிள்ளைக்காக மாற்ற முடியாது.

என் அனுபவம்: ஜனவரி குளிர்ப் பயிற்சியில் பக்கத்தில் இருந்தவர் ஷினாயின் சிம்பு பறந்து என் மென் கம்பிக்குள் வந்தது. கண்ணுக்கு ஒரு விரற்கடை கீழே. அவ்வளவுதான் கதை. ஆனால் அதிலிருந்து சொல்கிறேன், பையன் ஷினாயை ஒவ்வொரு நாளும் பாருங்கள். நான்கு மூங்கில் பட்டை, ஒவ்வொன்றின் ஓரத்தையும் விரலால் நீவிப் பாருங்கள். சிம்பு எழுந்திருந்தால் சீவி எண்ணெய் தடவுங்கள். பிளந்திருந்தால் தூக்கிப் போடுங்கள், செல்லோடேப் ஒட்டி வராதீர்கள். பத்து வயதுக்கு 36 அளவு, நீளமானதை 'வளர்ந்துவிடுவான்' என்று வாங்கிக் கொடுக்காதீர்கள், மணிக்கட்டு கெட்டுவிடும். கோதே நாற்றத்துக்கு சென்ட் அடிக்காதீர்கள். பயிற்சி முடிந்ததும் உள்பக்கத்தை ஈரத்துணியால் துடைத்து, நிழலில், காற்றில். வெயிலில் போட்டால் நீலச் சாயம் போய்த் தோல் விறைக்கும். பைக்குள் மூடி வைத்தால் இரண்டே நாளில் பூஞ்சை. மென் கயிறுகள் நான்கும் ஒரே நீளத்தில் தொங்க வேண்டும், ஏறுமாறாக இருந்தால் நடுவர் மனதில் அங்கேயே ஒரு புள்ளி.

ஒன்பதாம்_மாடி_அம்மா:
கோதே நாற்றத்தைப் பற்றி நான் எங்கே கேட்டேன்?

உறைவாய்:
நான் இயாய்டோ, உறையிலிருந்து வாளை உருவிப் பழகும் கலை. ஏழு வருடம் இயாய்தோவில், அதாவது கூரில்லாத கலப்பு உலோகக் கத்தியில். அன்றைக்கு முதல் தடவையாக என் ஆசிரியர், சென்செய், தன் உண்மையான வாளைக் கொடுத்தார். பதிவுச் சீட்டு கூடவே இருந்தது. இங்கே மனிதனுக்கு அடையாள அட்டை மாதிரி வாளுக்கு அந்தச் சீட்டு, தெரியும்தானே.

உருவுவது யாருக்கும் வரும். உறையில் திருப்பிப் போடுவதுதான் ஆபத்து. உறையின் வாயை இடது கை பிடித்திருக்கும், வாளின் முதுகு கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வழுக்கிக்கொண்டே போகும், நுனி உள்ளே விழும். இதைக் கண்ணால் பார்க்கக் கூடாது. பார்வை எதிரே, விழுந்து கிடப்பதாக நாம் நினைக்கிற ஆள்மேல் இருக்க வேண்டும். நான் பார்க்கவில்லை. உள்ளே ஏதோ குளிர்ந்தது, அவ்வளவுதான். வலியே இல்லை. இடுப்பில் கட்டிய ஹகாமா உடையில் சொட்டு விழுந்த பிறகுதான் தெரிந்தது.

சென்செய் ஓடி வந்தார். என் கையைப் பார்க்கவில்லை. வாளை வாங்கினார், சட்டைக்குள்ளிருந்து காகிதத்தை எடுத்தார், அடியிலிருந்து நுனிவரை ஒரே இழுப்பு, திருப்பி மறுபடி ஒன்று, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அதற்குப் பிறகுதான் என் பக்கம் திரும்பி இன்னொரு காகிதத்தை நீட்டினார். மூன்று தையல். ரத்தம் பட்டால் எஃகு துருப்பிடிக்கும், நானூறு வருடப் பழைய வாள், எல்லாம் சரி. அந்த வரிசைதான், வாள் முதல், நான் இரண்டாவது. இப்போது நானும் சொல்லிக் கொடுக்கிறேன். நாளைக்கு ஒரு மாணவன் கையை அறுத்துக்கொண்டால் எதை முதலில் துடைப்பேன் என்று எனக்கே தெரியவில்லை.

கிள்ளான்_பையன்:
நீங்கள் எல்லாரும் ஜப்பானில் இருக்கிறீர்கள். நான் மலேசியா. 1998இல் கோலாலம்பூரில் கல்லூரி, அங்கே கெண்டோ கிளப், நண்பனோடு சேர்ந்தேன். லீவுக்கு வீட்டுக்கு வரும்போது பொக்கென்னைக் கொண்டுவந்தேன், செம்பழுப்பு மரம், வாள் மாதிரியே வளைவு. தாத்தா திண்ணையில் இருந்தார். தாத்தா சயாமுக்குப் போனவர். ஜப்பான்காரன் காலத்தில் தோட்டத்து ஆட்களை லாரியில் ஏற்றி ரயில் பாதை போடக் கொண்டுபோனார்களே, அதில் திரும்பி வந்த கொஞ்சப் பேரில் ஒருவர். அதைப் பற்றி வீட்டில் பேசமாட்டார்.

துணிப்பையை அவிழ்த்துக் காட்டினேன். எப்படிப் பிடிப்பது என்று வேறு காட்டினேன், மடையன். தாத்தா அதை வாங்கினார். பிடியில் என் கை இருந்த இடத்தில் பிடிக்கவில்லை, இரண்டு முனையையும் பிடித்து மடியில் கிடத்தி, முதுகுப் பக்கத்தை மட்டும் தடவிக்கொண்டிருந்தார். "இது மரந்தானே?" என்றார். ஆமாம் தாத்தா என்றேன். "அவங்க இடுப்புல இருந்தது சத்தம் போடும். நடக்கும்போது காலில் தட்டித் தட்டி. ராத்திரி அந்தச் சத்தம் கேட்டா யாரும் மூச்சு விடமாட்டோம்." அப்புறம், "பழகு ஐயா, படிச்ச பிள்ளை. வீட்டுக்குள்ள மட்டும் வைக்காதே. செருப்பு விடுற இடத்துல வை" என்றார்.

தெனுகுய்:
@கிள்ளான்_பையன், தாத்தா பட்டது பெரிய வேதனை, மறுக்கவில்லை. ஆனால் அது ராணுவம் செய்தது. வாள்கலையின் உண்மையான தத்துவமே 'உயிர் கொடுக்கும் வாள்' என்பதுதான். அதைத் தாத்தாவிடம் எடுத்துச் சொல்லியிருக்கலாம்.

பழைய_ஏடு:
@தெனுகுய், சயாமிலிருந்து திரும்பிய மனிதரிடம் தத்துவம் சொல்ல வேண்டுமா? என் கதை சின்னது, முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். கியோட்டோவில் புதோகுதென் என்கிற பழைய வாள்கலை மண்டபம், மே மாதக் கூடுகை. எட்டாம் டான் பெரியவர்கள் இருவர், நெடுநேரம் நுனியோடு நுனி வைத்து நின்றார்கள், ஒரு அடிகூட இல்லை, வணங்கிவிட்டுப் போனார்கள். கூட்டம் கைதட்டவில்லை, நீளமாக ஒரு மூச்சு விட்டது. அவ்வளவு அழகை நான் பார்த்ததில்லை. ஆனால் அந்தக் கட்டடம் 1899இல் யார் கட்டியது? 1895இல் தொடங்கிய புதோகுகாய் என்கிற தற்காப்புக் கலைச் சங்கம். போர்க்காலத்தில் அது அரசின் கைக்குள் போனது. பள்ளிப் பிள்ளைகளுக்குக் கெண்டோவைப் போர்க்களத்துக்கான ஆயத்தமாகக் கற்பித்தார்கள். அதனால்தான் 1945இல் பள்ளிகளில் தடை வந்தது, 1946இல் புதோகுகாயே கலைந்தது. இப்போதைய கெண்டோ சம்மேளனம் 1952இல் வந்தது. 'ராணுவம் வேறு, கலை வேறு' என்று அவ்வளவு சுலபமாகக் கோடு கிழிக்க முடியாது.

'உயிர் கொடுக்கும் வாள்' என்பதை எழுதிவைத்தவர் யாக்யு முனெனோரி, 1632. அன்றைய ராணுவ ஆட்சியாளரான ஷோகனுக்கே வாள் கற்றுக் கொடுத்தவர். ஒரு கெட்டவனை வெட்டிப் பத்தாயிரம் பேரைக் காப்பது என்பதுதான் அங்கே அதற்குப் பொருள். அதாவது வெட்டத்தான் வேண்டும். கெட்டவன் யார் என்று முடிவு செய்கிறவன் கையில் வாள் இருக்கிறது.

அப்புறம் அந்த 'ஆயிரம் வருட மரபு'. நீங்கள் மாட்டுகிற மென், கோதே எல்லாம் 18ஆம் நூற்றாண்டில், சண்டையே இல்லாத எடோ காலத்தில் சேர்ந்தவை. மரவாளால் அடித்தால் எலும்பு முறியும், அதனால் இருவரும் பேசி வைத்த, கதா என்கிற அசைவு வரிசையைத்தான் பெரும்பாலும் செய்துகொண்டிருந்தார்கள். நகானுமா, நகானிஷி டோஜோக்கள் கவசம் போட்டு உண்மையாகவே அடிக்கவிட்டன. "இது வெறும் குச்சியாட்டம்" என்று அன்றைக்கே பழைய ஆட்கள் முகம் சுளித்தார்கள். 1876இல் இடுப்பில் வாள் செருகத் தடை. அதற்கு மூன்று வருடம் முன்பே, வேலையில்லாத வாள்வீரர்களின் வயிற்றுப்பாட்டுக்காக சகாகிபாரா கென்கிச்சி டோக்கியோவின் அசகுசாவில் டிக்கெட் போட்டுச் சண்டை காட்டினார். 1877இல் தபாருசாக்கா போரில் போலீஸ்காரர்கள் வாளோடு பாய்ந்த பிறகுதான் அரசுக்கே மறுபடி ஆசை வந்தது. 'வாளின் நெறியால் மனிதரைப் பண்படுத்துவது' என்று சம்மேளனம் கொள்கையாக எழுதியது 1975இல். அந்த வரி எனக்குப் பிடிக்கும். அந்தப் பையன் அழுதுகொண்டே போய் நின்றதில் அது இருக்கிறது, கொடியை வீசிய நடுவரிடம் இருந்ததா என்று எனக்குச் சந்தேகம்.

மூங்கில்39:
திரும்ப என் கேள்விக்கே வருகிறேன். @கிள்ளான்_பையன் தாத்தா சொன்ன சத்தத்தைப் படித்ததும் அந்தப் பெரியவர் முன்னால் நின்றதுதான் ஞாபகம் வந்தது. மூங்கில்தான் என்று தெரியும், ஆனாலும் கால் எழும்பவில்லை. ஒருவேளை அந்த ஐந்து நிமிடம் மட்டும் நான் அதை வாள் என்று நம்பினேனோ என்னவோ. கத்திப் பாய்ந்தபோது மறுபடி மூங்கில் ஆகிவிட்டது, அதைத்தான் இல்லை என்று தலையாட்டினாரோ. அவரிடமே கேட்கலாம். வெட்கமாக இருக்கிறது.

கிள்ளான்_பையன்:
கேளுங்கள் அண்ணா. நான் தாத்தாவிடம் அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை, 2001இல் போய்விட்டார். இப்போது நான்காம் டான். வீடு மாறி அபார்ட்மெண்டுக்கு வந்துவிட்டோம். பொக்கென் வாசலில், செருப்பு ஸ்டாண்டுக்குப் பக்கத்தில்தான் நிற்கிறது. மனைவி திட்டுகிறாள்.

தெனுகுய்:
வாசலில் நிறுத்தி வைக்காதீர்கள், உங்கள் ஊர் ஈரத்துக்கு ஒரே வருடத்தில் வளைந்துவிடும். படுக்க வையுங்கள். இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை ட்சுபாக்கி (கமேலியா) எண்ணெய், துணியில் நனைத்து, மெல்லிசாக.