பக்கத்து லேனில் தேசிய வீரர்: ஃப்ரீஸ்டைல் பற்றிப் பார்த்ததும் கேட்டதும்

சென்னையில் நீச்சல் பழகுகிறவர்களுக்கு ஒரு கொடுப்பினை உண்டு. வேளச்சேரி நீச்சல் வளாகத்துக்குக் காலையில் போனால், நேரம் ஒத்துவந்தால், மாநில அளவிலும் தேசிய அளவிலும் நீந்துகிற பிள்ளைகள் நமக்கு இரண்டு லேன் தள்ளிப் பயிற்சி செய்துகொண்டிருப்பார்கள். 1995 தெற்காசிய விளையாட்டுப் போட்டிக்காகக் கட்டிய வளாகம் அது. 50 மீட்டர் குளம். குப்புறப் படுத்துக் கைகளை மாற்றி மாற்றி வீசி நீந்தும் ஃப்ரீஸ்டைலை நான் கற்றதில் பாதி, அந்தப் பிள்ளைகளைப் பார்த்தும் அவர்களிடம் கேட்டும் கற்றதுதான்.

ஆனால் எங்கே பார்க்கிறோம் என்பது முக்கியம். கரையில் உட்கார்ந்து பார்த்தால் தண்ணீருக்கு மேலே சுழலும் கைதான் கண்ணில் படும். அதுவோ ஆளுக்கு ஆள் மாறும். அமெரிக்க வீராங்கனை ஜேனட் எவன்ஸ் கையை மடக்காமல் காற்றாடி மாதிரி வீசி நீந்தியவர். 1988 சியோல் ஒலிம்பிக்கில் மூன்று தங்கம் வாங்கினார். 1989இல் 800 மீட்டரில் அவர் வைத்த 8 நிமிடம் 16.22 வினாடி சாதனை 2008 வரை நின்றது. இன்னொரு அமெரிக்க வீராங்கனை கேட்டி லெடெக்கி பெரும்பாலும் ஒரே பக்கம் மூச்சு வாங்கி, ஒரு கை நீளமாகவும் ஒரு கை குட்டையாகவும் தாவித் தாவிப் போவார். 2012 முதல் 2024 வரை நான்கு ஒலிம்பிக்கிலும் 800 மீட்டர் தங்கம் அவருக்குத்தான். ரஷ்ய வீரர் அலெக்சாண்டர் போபோவ் 1992, 1996 ஒலிம்பிக் இரண்டிலும் 50 மீட்டர், 100 மீட்டர் தங்கம் வென்றவர்; அவருடைய ஸ்ட்ரோக், அதாவது கைவீச்சு, நீண்டு, அலட்டலே இல்லாமல் இருக்கும். மேலே தெரியும் கையைக் காப்பியடிப்பதென்றால் இதில் யாரைக் காப்பியடிப்பது?

இவர்கள் எல்லோருக்கும் பொதுவானது தண்ணீருக்கு அடியில் இருக்கிறது. அதைக் கிட்டத்தில் பார்த்த ஒரு காலையைச் சொல்கிறேன். தேசியப் போட்டிகளில் நீந்தும் ஒரு தம்பி பக்கத்து லேனில் வார்ம்-அப் செய்துகொண்டிருந்தார். நான் சுவரைப் பிடித்துக்கொண்டு, காகிள்ஸோடு தலையை உள்ளே விட்டு அவர் வருவதைப் பார்த்தேன். கை தோளுக்கு நேர் முன்னால், விரல் நுனி முதலில் உள்ளே போனது. முன்னால் நீண்டது. அப்புறம் முழங்கை மேற்பரப்புக்குப் பக்கத்திலேயே நிற்க, அதற்குக் கீழே உள்ள கை மட்டும் மடங்கி இறங்கியது. விரல்கள் தரையைப் பார்த்தன. உள்ளங்கையும் முன்கையும் ஒரே பலகையாகி, தண்ணீரைப் பின்னால் தள்ளின. என்னை அசர வைத்தது வேறொன்று: அவர் கையில் குமிழியே இல்லை. நம்மைப் போன்றவர்கள் கையைத் தொப்பென்று அடித்து இறக்கும்போது காற்றையும் சேர்த்துக் கொண்டுபோகிறோம். காற்றைப் பிடித்து இழுத்தால் என்ன வேகம் வரும்?

அவர் ஒரு செட்டை, அதாவது ஒரு சுற்றுப் பயிற்சியை, முடித்துத் தண்ணீர் குடிக்கும்போது கேட்டேன். "தம்பி, முழங்கையை அப்படி மேலேயே நிறுத்துறது எப்படி?"

"அண்ணா, கையை அப்புறம் பாத்துக்கலாம். நீங்க ஒரு லேப் போய்ட்டு வாங்க" என்றார். போய் வந்தேன். "மூச்சு எங்க விடுறீங்க?" என்று கேட்டார். தலையைத் திருப்பும்போது விட்டு, அப்போதே வாங்குகிறேன் என்றேன். "ரெண்டு வேலையையும் அந்த அரை செகண்ட்ல செய்ய முடியாதுண்ணா. முகம் தண்ணிக்குள்ள இருக்கிற நேரம் முழுக்க விட்டுக்கிட்டே இருங்க. திரும்பும்போது வாங்கினா மட்டும் போதும்."

எனக்கு ஃப்ரீஸ்டைலைத் திறந்துவிட்டது இந்த ஒரு வரிதான். இரண்டு லேப்பில் மூச்சு முட்டுவது பெரும்பாலும் ஆக்சிஜன் குறைவதால் வருவதில்லை. வெளியே விடாமல் அடக்கி வைத்த கார்பன் டை ஆக்சைடுதான் அந்தத் தவிப்பைக் கொடுக்கிறது. மூக்காலும் வாயாலும் சீராகக் குமிழி விட ஆரம்பித்தால் பதற்றம் தானாகக் குறைகிறது. பதற்றம் போனால்தான் கையைப் பற்றி யோசிக்க மனசில் இடம் இருக்கும். அவர் ஏன் கையைப் பற்றிப் பேச மறுத்தார் என்பது அப்போது புரிந்தது.

அடுத்தது தலை. எங்கள் பேட்ச்சில் திருவண்ணாமலைப் பக்கத்திலிருந்து வந்த ஓர் அண்ணன் இருக்கிறார். சின்ன வயதில் சுரைக்குடுக்கை கட்டிக் கிணற்றில் பழகியவர். பயம் என்பதே கிடையாது, மூச்சடக்கிக் குளத்தின் அடிவரை போய் வருவார். ஆனால் கிணற்று நீச்சலில் தலை எப்போதும் மேலேதான். அதே தம்பி அவரிடம் தரையில் உள்ள கறுப்புக் கோட்டைக் காட்டி, "அதைப் பாத்துக்கிட்டே போங்கண்ணா, எதிர்ச் சுவரைத் தேடாதீங்க" என்றார். காரணம் எளிது. நுரையீரலில் காற்று இருப்பதால் நெஞ்சு மிதக்கும், கால் அமிழும். தலையைத் தூக்கினால் இடுப்பும் காலும் இன்னும் கீழே போகும். தண்ணீர் காற்றைவிட ஏறக்குறைய 800 மடங்கு அடர்த்தியானது. சாய்ந்த உடம்பை அதில் இழுத்துக்கொண்டு போவதில்தான் பலம் எல்லாம் வீணாகிறது. அண்ணன் தலையை இறக்கிய அன்றே அவர் இடுப்பு மேலே வந்ததைக் கரையிலிருந்தே பார்க்க முடிந்தது.

மூச்சுக்கும் தலையைத் தூக்கத் தேவையில்லை. வேகமாகப் போகும்போது தலைக்கு முன்னால் தண்ணீர் எழும்பி, கன்னத்துக்குப் பக்கத்தில் ஒரு பள்ளம் விழும். வாய் அந்தப் பள்ளத்துக்கு வந்தால் போதும். ஒரு காகிள்ஸ் கண்ணாடி தண்ணீருக்குள்ளும் ஒன்று வெளியிலும் இருக்க வேண்டும். தோளும் இடுப்பும் சேர்ந்து உருண்டால் தலை கூடவே திரும்பிவிடும், தனியாக முறுக்க வேண்டாம்.

லேடீஸ் பேட்ச்சில் நீந்தும் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் சொன்னதையும் சேர்க்க வேண்டும். மாநில அளவில் நீந்தும் ஒரு பெண் அவரிடம், "ஆன்ட்டி, ரெண்டு கையையும் மூடி, முஷ்டியாவே நீந்திப் பாருங்க" என்றாளாம். முதலில் நகரவே இல்லையாம். உள்ளங்கை இல்லாததால் வேறு வழியின்றி முன்கையால் தண்ணீரைத் தேடிப் பிடிக்க வேண்டியதாயிற்று. ஒரு லேப் கழித்து விரலைத் திறந்ததும், "கையில துடுப்பு முளைச்ச மாதிரி இருந்தது" என்றார். முழங்கையை உயர்த்தி நிறுத்துவது எப்படி என்று நான் கேட்ட கேள்விக்கு இதுதான் உண்மையான பதில். பேசிப் புரியவைக்க முடியாததை இந்த டிரில் புரியவைக்கிறது. எல்லோரும் செய்து பாருங்கள்.

இன்னொன்று, இந்தப் பிள்ளைகள் எவ்வளவு மெதுவாக நீந்துகிறார்கள் என்று பாருங்கள். போட்டி வேகத்தில் போவது பயிற்சியில் கொஞ்ச நேரம்தான். மீதி நேரம் நிதானமாக, ஒவ்வொரு ஸ்ட்ரோக்கும் ஒரே மாதிரி விழும்படி போகிறார்கள். போபோவும் அப்படித்தான் பயிற்சி செய்தார். மெதுவாக, ஆனால் குறையே இல்லாமல் நீந்துவதற்கு அவருடைய கோச் கெனாடி துரெட்ஸ்கி கொடுத்த முக்கியத்துவம் நீச்சல் உலகில் பிரபலம். வேகத்தை இரு மடங்காக்கினால் தண்ணீரின் எதிர்ப்பு ஏறக்குறைய நான்கு மடங்காகக் கூடும். உடம்பு நேராக இல்லாதபோது கையை வேகமாகச் சுற்றுவதால் களைப்புதான் மிச்சம்.

கடலில் நீந்த ஆசைப்படுகிறவர்களுக்கும் இதே அடிப்படைதான். 1994இல் ஒரே ஆண்டில் ஆறு கால்வாய்களையும் நீரிணைகளையும் நீந்திக் கடந்த குற்றாலீஸ்வரன் நம் ஊர்ப் பையன் என்பதில் எனக்கு இன்றும் பெருமை. ஆனால் குளத்தில் நன்றாகப் பழகி, விவரம் தெரிந்தவர்களோடும் பாதுகாப்புப் படகோடும்தான் கடலில் இறங்க வேண்டும். மெரினாவில் தனியாக இறங்கிப் பார்ப்பது உயிரோடு விளையாடுவது.

அவர்களிடம் கேட்பதற்கும் ஒரு முறை இருக்கிறது. செட்டுக்கு நடுவே சுவரில் நிற்கும் பத்து வினாடியில் பேச்சுக் கொடுக்காதீர்கள், அவர்கள் கண் கடிகாரத்தில் இருக்கும். பயிற்சி முடிந்து, கோச் பேசிவிட்டுப் போன பிறகு கேளுங்கள். "எப்படி வேகமாப் போறது" என்று பொதுவாகக் கேட்காமல், "என் தலை எங்கே இருக்குன்னு ஒரு லேப் பாத்துச் சொல்றீங்களா" என்று கேளுங்கள். இதுவரை ஒருவர்கூட மாட்டேன் என்று சொன்னதில்லை.